கம்மி செலவுல ஐரோப்பா, கூட்டமில்லாத சின்ன ஊருங்க: கேள்வி பதில்

வணக்கம். நான் ஜெர்மனில லைப்சிக்ல 11 வருஷமா இருக்கேன். வேலை, குழந்தை, ஸ்கூல்னு ஓடிட்டே இருந்தாலும் வருஷத்துக்கு நாலு தடவையாவது மூணு நாளுக்குப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவோம். பாரிஸ், ரோம் எல்லாம் வந்த புதுசுலயே பாத்தாச்சு, அதுக்கப்புறம் போனதெல்லாம் சின்ன ஊருங்க, மனசுல நிக்கிறதும் அதுதான். கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதும் நிறைய வந்துச்சு, ஒரே மாதிரி இருந்ததைச் சேத்து ஒண்ணாப் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, 20 யூரோவுக்கெல்லாம் ஃப்ளைட் டிக்கெட் வருதே, அதைப் பாத்து ஊரை முடிவு பண்ணலாமா?

வேணாம்மா. டிக்கெட் கடைசியாப் பாக்க வேண்டியது. அந்த ஊர்ல ரூம் என்ன விலை, ரெண்டு வேளை சாப்பாடு எவ்வளவு, ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள எப்படிப் போறது, இந்த மூணையும் கூட்டிப் பாத்தாத்தான் உண்மையான செலவு தெரியும். ஏர்போர்ட் பேரை ஃப்ராங்க்ஃபர்ட் ஹான்னு போட்டிருப்பாங்க, அது ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். பாரிஸ் போவேன்னு போட்டிருப்பாங்க, அது பாரிஸ்ல இருந்து 80 கிலோமீட்டருக்கு மேல. எங்களுக்கே ஒரு தடவை நடந்துச்சு, ஊர்ப் பேரை நம்பி டிக்கெட் போட்டு ராத்திரி பதினொன்றரைக்கு இறங்கினா கடைசி பஸ் போயிடுச்சு, குழந்தை தூங்கி வழியுது, டாக்ஸிக்குக் குடுத்த காசுல ரெண்டு ராத்திரி ரூம் எடுத்திருக்கலாம். அன்னைலேர்ந்து பஸ் நேரத்தைப் பாக்காம டிக்கெட் போடுறதே இல்ல.

இன்னொண்ணு, இந்த விலைக்கு சீட்டுக்கடியில போற சின்னப் பை மட்டும்தான் ஃப்ரீ. அளவு ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும், 40, 30, 20 சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற மாதிரி ஒரு பை வாங்கி வச்சுட்டா பெரும்பாலும் கவலை இல்ல. இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்களுக்கு சில ஏர்லைன்ல கவுன்ட்டர்லயே விசாவைக் காட்டி சரிபாத்துட்டுத்தான் உள்ள போகணும்னு இருக்கு, ஆன்லைன்ல செக்இன் பண்ணியாச்சேன்னு நேரா கேட்டுக்குப் போய் நிக்காதீங்க, மெயில்ல வர்ற சின்ன எழுத்தையும் படிங்க.

கேள்வி: ஐரோப்பால முதல் தடவையா ஒரு சின்ன ஊர் போகணும், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கன்னா எதைச் சொல்வீங்க?

ப்ளோவ்டிவ். பல்கேரியா. இதுக்கு நான் யோசிக்கவே மாட்டேன்.

சோஃபியாவுக்கு ஃப்ளைட் பிடிங்க, டெர்மினல் 2ல இருந்தே மெட்ரோ ஊருக்குள்ள போகுது, அங்க இருந்து ப்ளோவ்டிவ்க்கு பஸ்ல ரெண்டு மணி நேரம். ஐரோப்பால மனுஷங்க விடாம வாழ்ந்துட்டு வர்ற ரொம்பப் பழைய ஊர்கள்ல அது ஒண்ணு. மலைச்சரிவுல ஒரு ரோமானியத் தியேட்டர் இருக்கு, பல நூற்றாண்டு மண்ணுக்கடியில கிடந்ததை 20ஆம் நூற்றாண்டுலதான் தோண்டி எடுத்தாங்க, இன்னைக்கும் வெயில் காலத்துல அந்தக் கல்படிக்கட்டுல உக்காந்து ஜனங்க ஓபரா பாக்குறாங்க. கீழ கடைத்தெருவுல துணிக்கடை, ஐஸ்க்ரீம் கடைன்னு நடந்துட்டே இருப்பீங்க, திடீர்னு தரை திறந்து கீழ ரோமானிய ஸ்டேடியத்தோட ஒரு வளைவு தெரியும், மிச்ச ஸ்டேடியம் நீங்க நடந்து வந்த தெருவுக்கடியிலதான் இருக்கு. பக்கத்துலயே பழைய ஜூமாயா மசூதி. அங்க ஒரு காபி வாங்கிட்டு உக்காந்து பாருங்க, ரோம், துருக்கி, கம்யூனிஸ்ட் காலம் மூணும் ஒரே பார்வைல தெரியும், எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும்.

கபானான்னு ஒரு பழைய கைத்தொழில்காரங்க பேட்டை இருக்கு, பேருக்கு அர்த்தம் பொறி, உள்ள போனா சந்து சந்தா சுத்திட்டே இருப்பீங்க. 2019ல இந்த ஊரும் இத்தாலில மட்டேராவும் ஐரோப்பாவோட கலாசாரத் தலைநகரா இருந்தப்போ நிறைய இடத்தைச் சரி பண்ணிட்டாங்க. ஒரு நாள் பச்கோவோ மடத்துக்குப் போயிட்டு வாங்க, 1083ல கட்ட ஆரம்பிச்சது, ஊர்ல இருந்து 30 கிலோமீட்டர் பக்கம்தான். ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேணாம், வெயில் கொளுத்தும். மே இல்லன்னா செப்டம்பர்.

2026 ஜனவரி 1ல இருந்து பல்கேரியாலயும் யூரோதான், லெவா மாத்துற வேலை இல்ல. அப்புறம் அங்க ஆமான்னு சொல்ல தலையைப் பக்கவாட்டுல ஆட்டுவாங்க, இல்லைன்னு சொல்ல மேலயும் கீழயும். ஜெர்மன்காரங்க இதுல ரொம்பக் குழம்புவாங்க, நம்ம ஆளுங்களுக்கு பக்கவாட்டுல ஆட்டுறது கைவந்த கலையாச்சே, எங்கம்மா வந்தப்போ மார்க்கெட்ல பாஷையே தெரியாம தக்காளி பேரம் பேசிட்டாங்க.

கேள்வி: அக்கா, நான் ட்ரெஸ்டன்ல மாஸ்டர்ஸ் பண்றேன். கையில காசு இல்ல, ஆனா எங்கயாவது போகணும்.

தம்பி, உனக்கு ஃப்ளைட்டே வேணாம். ஜெர்மனி முழுக்க ரீஜனல் ட்ரெயின்ல போற மாச பாஸ், அந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்குல்ல, ட்ரெஸ்டன்ல இருந்து ரீஜனல் ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரத்துல கெர்லிட்ஸ் போயிடலாம், தனியா பைசா செலவில்ல. ரெண்டாம் உலகப் போர்ல பெருசா அழியாம தப்பிச்ச ஊர், கோதிக், மறுமலர்ச்சிக் காலம், பரோக்னு தெருத்தெருவா பழைய வீடுங்க அப்படியே நிக்குது, அதனாலயே சினிமாக்காரங்க ஷூட்டிங்குக்கு அடிக்கடி வர்றாங்க. ஊரோட நடுவுல நைசே ஆறு, அதுதான் பார்டர். 1945ல பாலத்தை வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க, 2004லதான் அதே இடத்துல திரும்பக் கட்டினாங்க. ரெண்டு நிமிஷம் நடந்தா போலந்து, ஸ்கோஜெலெட்ஸ்னு பேரு, ஒரே ஊரா இருந்தது போருக்கு அப்புறம் ரெண்டாப் போச்சு. மத்தியானச் சாப்பாட்டை அந்தப் பக்கம் வச்சுக்கோ, விலை கம்மி. பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் கையிலயே இருக்கட்டும், பாலத்துல செக் பண்ணினாலும் பண்ணுவாங்க, போட்டோ காப்பி செல்லாது.

இன்னும் ரெண்டு நாள் இருந்தா அங்க இருந்தே ட்ரெயின் பிடிச்சு போலந்துல வ்ரோட்ஸ்வாஃப் போயிடு. ஊர் முழுக்க கையளவு வெண்கலக் குள்ளர்கள், நூத்துக்கணக்குல இருக்கு. பாக்க விளையாட்டு மாதிரி இருந்தாலும் 1980கள்ல கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்தவங்க சுவத்துல குள்ளர் படம் வரைஞ்சு போராடினாங்க, அதோட ஞாபகம்தான் அது. சாயங்காலம் கதீட்ரல் தீவுக்குப் போ, கறுப்பு அங்கி போட்ட ஒருத்தர் கேஸ் விளக்கை ஒவ்வொண்ணாக் கையால ஏத்திட்டு வருவார். சாப்பாட்டுக்கு பார் ம்லெச்னி தேடு, பால் கடைன்னு அர்த்தம், கம்யூனிஸ்ட் காலத்துல இருந்து ஓடுற மலிவு மெஸ், சூப்பும் கொழுக்கட்டை மாதிரி பியெரோகியும் வயிறார சாப்பிடலாம்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். கிழக்கு ஐரோப்பான்னா கறிதானே? மூணு நாளும் பிரெட்தானா?

இல்லவே இல்ல. ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். ருமேனியா, செர்பியா, பல்கேரியா எல்லாம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ நாடுங்க, அவங்களுக்கு விரதம் நிறைய, விரத நாள்ல கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. ருமேனியால "தே போஸ்ட்", செர்பியால "போஸ்னோ"ன்னு கேளுங்க, விரதச் சாப்பாடு வரும், ஆனா சில விரத நாள்ல மீன் உண்டுங்கிறதால மீன் வேணாம்னு சேத்துச் சொல்லிடுங்க. ஈஸ்டருக்கு முந்தின வாரங்கள்ல போனா ஹோட்டல்ல தனி மெனுவே இருக்கும். ருமேனியால ஸகுஸ்கான்னு கத்திரிக்காயும் குடைமிளகாயும் சுட்டு அரைச்ச ஒண்ணு, நம்ம கத்திரிக்காய்த் துவையலுக்குச் சொந்தக்காரன். போலந்துல பியெரோகி ருஸ்கியே உருளைக்கிழங்கும் சீஸும் வச்சது, ஆனா மேல பன்றிக் கொழுப்புல வதக்கின வெங்காயத்தைப் போட்டுடுவாங்க, வெண்ணெய் மட்டும் போதும்னு முதல்லயே சொல்லிடுங்க.

கேள்வி: சென்னையில இருந்து வர்றோம், ஷெங்கன் விசா எடுக்கிறோம். அதை வச்சு ஷெங்கன்ல இல்லாத நாட்டுக்கும் போலாமா?

ஷெங்கன்னா ஒரே விசால சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுங்களோட கூட்டம். அதுக்கு வெளியவும் போலாம், ஆனா விசா மல்டிபிள் என்ட்ரியா, அதாவது பல தடவை உள்ள வந்து போற மாதிரி இருக்கணும், இதுலதான் பலபேர் மாட்டுறாங்க. அல்பேனியாவுக்கு இந்தியன் பாஸ்போர்ட்ல ஏற்கெனவே ஒரு தடவை உபயோகிச்ச மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசா இருந்தா தனி விசா கேக்குறதில்ல. வடக்கு மாசிடோனியா, போஸ்னியா, மொண்டெனெக்ரோவுக்கும் இதே மாதிரி சலுகை உண்டு, எத்தனை நாள்ங்கிறது நாட்டுக்கு நாடு வேற, டிக்கெட்டுக்கு முன்னாடி அந்தந்த நாட்டு வெளியுறவுத் துறை பக்கத்தைப் பாத்துடுங்க. சிங்கிள் என்ட்ரி விசாவோட வெளிய போயிட்டா திரும்ப ஷெங்கனுக்குள்ள வர முடியாது, ரிட்டர்ன் ஃப்ளைட் பாரிஸ்லன்னா அவ்வளவுதான்.

பழைய கட்டுரைங்கள்ல பல்கேரியா, ருமேனியா, குரோஷியா ஷெங்கன்ல இல்ல, அந்த நாள் கணக்குல வராதுன்னு எழுதியிருக்கும். அது போயிடுச்சு. குரோஷியா 2023ல சேந்துடுச்சு, மத்த ரெண்டும் 2025 ஜனவரி 1ல இருந்து முழுசா உள்ள. 180 நாள்ல 90 நாள்தான் ஷெங்கன்ல தங்கலாம்ங்கிற கணக்குல எல்லாம் சேரும். விசா கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு. எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அங்கதான் அப்ளை பண்ணணும்.

அல்பேனியா போனா திரானால ஒரு நாள் போதும், பெராத்ல ரெண்டு ராத்திரி தங்குங்க. மலைச்சரிவுல வெள்ளை வீடுங்க, ஜன்னல் ஜன்னலா அடுக்கி வச்ச மாதிரி, மேல கோட்டைக்குள்ள இன்னும் குடும்பங்க வாழுது, துணி காயுது, பாட்டிங்க வாசல்ல உக்காந்து லேஸ் விக்கிறாங்க.

கேள்வி: அக்கா, நாங்கள் லண்டனில இருக்கிறம், எல்லாருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அம்மா அப்பாக்கு 70 தாண்டீட்டுது, அம்மாக்கு முழங்கால் ஏலாது. கனக்க நடக்காமல் பாக்கிற மாதிரி ஒரு ஊர் சொல்லுங்கோ.

அப்போ ப்ளோவ்டிவ், பெராத் ரெண்டும் வேணாம், கல் பாவின ஏத்தம், முழங்காலுக்கு ஆகாது. ல்யூப்லியானா கூட்டிட்டுப் போங்க, ஸ்லோவேனியாவோட தலைநகர். நான் சொன்ன மத்த ஊர் அளவுக்கு மலிவு இல்ல, ஆனா வெனிஸ், வியன்னாவோட பாத்தா கம்மி. ஊர் நடுவுல கார் விடுறதில்ல, அதுக்குப் பதிலா கவாலீர்னு சின்ன எலெக்ட்ரிக் வண்டி சுத்திட்டே இருக்கும், கை காட்டினா நிக்கும், இலவசம். கோட்டைக்கு ஏற கயித்து ரயில் இருக்கு. மூணு பாலமும் மார்க்கெட்டும் ஆத்தங்கரையும் பக்கம் பக்கம், அம்மா ஒரு பெஞ்சுல உக்காந்தாலே பாதி ஊரைப் பாத்துடலாம். பிளெட் ஏரிக்கு ஒரு நாள் பஸ்ல போங்க. பாஸ்போர்ட்ல ஒரு விஷயம், உள்ள நுழையுற நாள்ல அது குடுத்து 10 வருஷம் தாண்டியிருக்கக் கூடாது, திரும்புற நாளுக்கு அப்புறமும் 3 மாசம் செல்லணும், பெரியவங்களோடதை இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

கேள்வி: கார்டா, கேஷா?

ரெண்டும். ஏடிஎம்ல உங்க ஊர்க் காசுல கணக்குப் போடட்டுமான்னு கேக்கும், எப்பவும் வேணாம்னு அழுத்துங்க, அந்த ரேட் மோசமா இருக்கும். கடையில கார்டு தேய்க்கிறப்பவும் அதே கேள்வி வரும், அதே பதில்.

கேள்வி: போஸ்னியாவோட தலைநகர் சரயேவோ போகலாமா? போர் நடந்த ஊராச்சே, குழந்தைகளோட போக பயமா இருக்கு.

போங்க. ஊருக்குள்ள பயப்பட ஒண்ணும் இல்ல, நாங்க எங்க பொண்ணோட ராத்திரி பத்து மணிக்கு பஷ்சார்ஷியா கடைத்தெருவுல நடந்திருக்கோம். 1992ல இருந்து 1996 வரைக்கும் அந்த ஊரை முற்றுகை போட்டிருந்தாங்க, 1,425 நாள். குண்டு விழுந்த பள்ளங்கள்ல சிவப்புப் பிசினை ஊத்தி வச்சிருக்காங்க, சரயேவோ ரோஜான்னு சொல்வாங்க, நடைபாதைல காலுக்குக் கீழ இருக்கும், மிதிக்காமப் போங்க. ஏர்போர்ட் ரன்வேக்கு அடியில தோண்டின சுரங்கத்தை அவசியம் பாருங்க, சாப்பாடும் மருந்தும் அது வழியாத்தான் வந்துச்சு. முற்றுகையைக் கண்ணால பாத்தவங்களே வழிகாட்டியா வர்றாங்க, காசைப் பாக்காம அவங்களோட ஒரு அரை நாள் நடங்க. குழந்தைங்களுக்கு முன்னாடியே கொஞ்சம் சொல்லி வைங்க.

கேபிள் கார்ல ட்ரெபெவிச் மலை ஏறினா 1984 ஒலிம்பிக்ஸ் பாப்ஸ்லெட் தடம் கிராஃபிட்டியோட கிடக்கு, நடக்கலாம். ஆனா மலையில நடைபாதையை விட்டு இறங்காதீங்க, போஸ்னியால கண்ணிவெடி இன்னும் முழுசா எடுத்து முடியல.

அங்க இருந்து மோஸ்தார்ங்கிற ஊருக்கு நெரெட்வா ஆத்தை ஒட்டிப் போற ட்ரெயின் ரெண்டு மணி நேரம், வண்டி ரொம்பக் கம்மி, அதனால ஓடுதா, எத்தனை மணிக்குன்னு முதல் நாளே ஸ்டேஷன்ல கேட்டு டிக்கெட் எடுத்துடுங்க.