ஷூ வாங்கும் முன் காகிதமும் பென்சிலும் எடுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரோடு சைக்கிள் ஷூ பற்றியவை. அதனால் கியர், செயின், டயர் எல்லாம் இந்த ஒரு முறை ஓரமாக நிற்கட்டும். நான் கோவையில் சைக்கிள் ஃபிட்டிங் செய்பவன், ஷூ விற்பதில்லை. எந்த பிராண்டைக் குறை சொன்னாலும் எனக்கு நஷ்டமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஈசிஆரில் ஞாயிறுதோறும் மாமல்லபுரம் போய் வருகிறேன். ஆபீஸ் ஷூ 8 என்பதால் ஆன்லைனில் 42 வாங்கினேன். கார்பன் சோல். கோவளம் தாண்டும்போதே சுண்டுவிரல் பக்கம் எரிகிறது, அப்புறம் மரத்துப் போகிறது. "போகப்போகப் பழகிவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். பழகுமா சார்?
– வாசகர், அடையாறு

பழகாது. பழைய தோல் ஷூ என்றால் நாலு வாரத்தில் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். இன்றைய ஷூவின் மேல்பகுதி செயற்கைப் பொருள், அடியில் கார்பன். இரண்டும் உங்கள் காலுக்காக விட்டுக்கொடுக்காது.

ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போடுங்கள். குதிகால் அதன் பின்விளிம்பைத் தொடும்படி வைத்து, முழு எடையோடு ஏறி நில்லுங்கள். நீங்களே குனிந்து பார்த்தால் எடை முன்னால் சாய்ந்துவிடும். வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சுண்டுவிரலும் அதன் அடிப்பக்கச் சதையும் இன்சோலைத் தாண்டி வெளியே வழிகிறதா? என்னிடம் இதே புகாரோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வழியும். ஷூவுக்குள் அந்தச் சதை எங்கே போகும்? பக்கச்சுவரில் மோதி நசுங்கும். நரம்பு அழுந்தி முதலில் எரியும், பிறகு மரக்கும்.

ஆக, உங்கள் பிரச்சினை நீளமல்ல, அகலம். ஐரோப்பிய ஷூக்கள் பலவும் ஒடுக்கமான பாதத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம்மில் பலர் பள்ளிக்கூட வயதுவரை வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் ஓடியவர்கள். வெறுங்காலோடு நடந்தே பழகிய இந்தியர்களுக்கு முன்பாதம் அகலமாக இருப்பதாக 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் சொல்கிறது. இது குறையே இல்லை. பாதம் விரிந்து எடையை நன்றாகப் பரப்புகிறது என்பதும் அதே ஆய்வில் உண்டு. குறை ஷூவில்தான்.

இங்கேதான் பலரும், அகலம் போதவில்லை என்றதும் 43, 44 என்று ஏறுகிறார்கள். ஐரோப்பிய அளவில் ஒரு எண் ஏறினால் நீளம் 6.7 மில்லிமீட்டர் கூடும். அகலம் அதில் சொச்சம்தான் கூடும். விரல் நுனியில் தேவையில்லாத காலியிடம், மிதிக்கும்போது குதிகால் தூக்கும், க்ளீட் (ஷூவைப் பெடலில் பூட்டும் அடிக்கட்டை) திருகும் துளைகளும் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு முன்னே போய்விடும். அதே நீளத்தில் அகலமான வார்ப்பை, அதாவது அகலமான அச்சில் செய்த ஷூவைத் தேடுங்கள். ஷிமானோ பல மாடல்களை ‘வைட்’ வடிவத்திலும் செய்கிறது. லேக், போண்ட் இரண்டிலும் அகலத் தேர்வு உண்டு. போண்ட் ஷூவை மின்சார அவனில் மிதமாகச் சூடாக்கி, காலில் போட்டு வடிவம் பிடிக்க வைக்கலாம். கம்பெனி சொன்ன சூட்டுக்கு மேல் போகாதீர்கள்; மற்ற கார்பன் ஷூக்களிடம் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

அளவெடுப்பது இப்படி. சாயங்காலம் எடுங்கள், பகல் முழுக்க நின்று நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். வண்டி ஓட்டும்போதும் அப்படித்தான் இருக்கப்போகிறது. சுவரோரம் காகிதம், குதிகால் சுவரில், பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு. சாய்த்துப் பிடித்தால் பாதத்துக்கு அடியில் நுழைந்து அளவைக் குறைத்துக் காட்டிவிடும். இரண்டு காலையும் எடுங்கள், பெரிய கால் சொல்வதே தீர்ப்பு. சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், அதையும் கவனியுங்கள். ஷிமானோ அட்டவணைப்படி 26.5 செ.மீ. பாதத்துக்கு 42, 27.2-க்கு 43. வேறு கம்பெனிக்கு வேறு அட்டவணை. ஆபீஸ் ஷூ எண்ணை இதில் இழுக்காதீர்கள்.

புது ஷூ வரும்வரை இரண்டு வைத்தியம். க்ளீட்டைக் குதிகால் பக்கமாக நான்கைந்து மில்லிமீட்டர் தள்ளித் திருகுங்கள், முன்பாதத்தின் சுமை குறையும். கிளம்பும்போது ஷூவை இறுக்கும் டயலை விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் பக்கம் பிடிப்பாகவும் வையுங்கள். பலர் மேலும் கீழும் ஒரே இறுக்கமாக முறுக்கிக்கொள்கிறார்கள். குதிகால் தூக்காமல் இருந்தால் போதும், விரல்களுக்குக் கைதிவாசம் தேவையில்லை.

ஏற்காடு ஏற்றத்தில் என் நேரத்தைக் குறைக்க வேண்டும். இப்போது நைலான் சோல் ஷூ, காலில் எந்தத் தொந்தரவும் இல்லை. முப்பதாயிரம் ரூபாய் வகையில் மேல்தட்டு கார்பன் ஷூ வாங்கலாமா? விறைப்பு எண் 12 என்று போட்டிருக்கிறது.
– வாசகர், சேலம்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, "காலில் எந்தத் தொந்தரவும் இல்லை". அதைக் காசு கொடுத்துக் கலைக்கப் பார்க்கிறீர்கள்.

விறைப்பு எண் என்பது சோல் எவ்வளவு வளையாமல் நிற்கிறது என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். ஷிமானோவின் 12-ஐ இன்னொருவரின் 12-ஓடு ஒப்பிட முடியாது. சரி, விறைப்பால் வேகம் வருமா? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ரோஜர் கிராம் குழுவினர், வெவ்வேறு விறைப்புள்ள சோல்களைப் போட்டு ஏற்றத்தில் ஸ்பிரிண்ட் அடிக்க வைத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆய்வகத்தின் இன்னொரு சோதனையில், சாதா பெடலில் ரன்னிங் ஷூவோடு அடித்த ஸ்பிரிண்டைவிட க்ளீட் ஷூவில் அடித்ததில் சக்தி கூடியது. அதாவது க்ளீட்டும் ஓரளவு விறைப்பும் பலன் தருகின்றன. அதற்கு மேல் விறைப்பாக்கினால் கூடுதலாக வருவதைக் காணோம். கூடுதலாக வருவது ஒன்று உண்டு, அழுத்தம். கார்பன் சோலில் முன்பாதத்தின் உச்ச அழுத்தம் பிளாஸ்டிக் சோலைவிடக் கூடுவதாக 2003-லேயே அளந்திருக்கிறார்கள்.

எடைக் கணக்கும் போட்டுவிடுவோம். நீங்களும் வண்டியுமாக 80 கிலோ, புது ஷூவால் ஜோடிக்கு 100 கிராம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஏற்றத்தில் நான்கைந்து விநாடி குறையும். இருபதாவது கொண்டை ஊசி வளைவில் யாராவது உங்களை அந்த நான்கு விநாடியில் தோற்கடிக்கிறார் என்றால் வாங்குங்கள்.

எலைட் ஆட்களின் ஷூவைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் எதைப் பார்த்து என்று ஒரு கேள்வி இருக்கிறது. 2011 முதல் 2018 வரை தொடர்ந்து 20 கிராண்ட் டூர்களில் (மூன்று வாரம் நடக்கும் பெரிய பந்தயங்கள்) ஓட்டிய ஆஸ்திரேலியர் ஆடம் ஹான்சன், தன் ஷூவைத் தானே கார்பனில் செய்துகொண்டவர். அவர் காலுக்கு அவர் செய்த வார்ப்பு. அந்தப் பொருத்தத்தைத்தான் பொறாமையோடு பார்க்க வேண்டும். உங்களுக்கு அது நைலானிலேயே கிடைத்திருக்கிறது. அழகுக்காக வாங்குகிறேன் என்று எழுதியிருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கச் சொல்லியிருப்பேன்.

நண்பர் சிவப்பு க்ளீட் கொடுத்தார். ஷூவில் மூன்று துளையிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. என் ஷிமானோ பெடலில் மட்டும் மாட்டவே மாட்டேன் என்கிறது!
– வாசகர், திருப்பூர்

நண்பருடையது லுக் கீயோ க்ளீட்டாக இருக்கும். மூன்று துளை அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே, பெடலைக் கவ்வும் மூக்கு வேறு. பனிச்சறுக்குக் கட்டைக்குப் பூட்டு செய்துவந்த பிரெஞ்சுக் கம்பெனி லுக். அந்தப் பூட்டின் யோசனையைப் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். 1985-இல் பெர்னார் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸ் ஜெயித்த பிறகு, காலைப் பெடலோடு கட்டிவைத்த தோல் வாரும் கூண்டும் மெல்ல மறைந்தன.

நிறத்தில் இன்னொரு வில்லங்கம். பூட்டிய பிறகும் குதிகால் பக்கவாட்டில் எவ்வளவு அசையலாம் என்பதை க்ளீட்டின் நிறம் சொல்லும். ஷிமானோவில் சிவப்பு என்றால் அசைவே இல்லை, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி. லுக் கீயோவில் கறுப்புதான் அசையாதது, சாம்பல் 4.5, சிவப்போ 9. நண்பர் ஆடும் சிவப்பில் பழகியவர். நீங்கள் அதே நிறம் கேட்டு ஷிமானோ சிவப்பு வாங்கினால் முழங்கால் திட்டும். மஞ்சள் வாங்குங்கள். திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம். பெடலில் க்ளீட் லூசாக ஆடத் தொடங்கினால் புதிது போட வேண்டிய நேரம்.

முதல் 200 கிலோமீட்டர் பிரெவேக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ரோடு ஷூவா, மலை சைக்கிள் ஷூவா? பெண்களுக்கான மாடல்தான் வாங்க வேண்டுமா?
– வாசகி, புதுச்சேரி

பிரெவே என்றால் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம். அதற்கு இரண்டு துளை எஸ்பிடி ஷூ (மலை சைக்கிள் வகை), சந்தேகமே வேண்டாம். 200-க்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். அதில் டீக்கடை, கன்ட்ரோல் எனும் சோதனைச் சாவடி, பெட்ரோல் பங்க் கழிப்பறை என்று நீங்கள் எவ்வளவு நடப்பீர்கள் என்பது ஓட்டிய பிறகுதான் தெரியும். மூன்று துளை க்ளீட் சோலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஈர டைல்ஸ் தரையில் அதோடு நடப்பது வித்தை. எஸ்பிடியில் க்ளீட் ரப்பர் அடிக்குள் பதுங்கியிருக்கும். ஓட்டும்போது இழப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

பெண்கள் மாடல் சிலவற்றில் குதிகால் ஒடுக்கமான வார்ப்பு, சிலவற்றில் நிறம் மட்டும் வேறு. காகிதத்தில் எடுத்த அளவு எதில் பொருந்துகிறதோ அதுதான் உங்கள் மாடல்.

டயலா, லேஸா, வெல்க்ரோவா?
– வாசகர், மதுரை

ஓட்டிக்கொண்டே தளர்த்த டயல். காசு மிச்சத்துக்கு வெல்க்ரோ. லேஸ் பார்க்க அழகு, பாதம் முழுக்கச் சீராகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் கால் வீங்கினால் இறங்கி நின்றுதான் அவிழ்க்க வேண்டும்.

வயது 56. பத்து வருடமாகச் சர்க்கரை. மகன் கார்பன் ஷூ பரிசளிப்பதாகச் சொல்கிறான். போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

மகனிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் மருத்துவரிடம் பாத உணர்வுச் சோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது. மேலே அடையாறு வாசகருக்கு ஷூ கடிப்பதை அவர் கால் எரிந்து சொல்லிவிட்டது. உணர்வு குறைந்த காலில் அந்த எச்சரிக்கை வராது, கொப்புளம் புண்ணான பிறகுதான் தெரியவரும்.

உணர்வு நன்றாக இருந்தால் தாராளமாகப் போடலாம்: அகலமான வார்ப்பு, நைலான் சோல், உள்ளே தையல் உறுத்தாத மாடல். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்கு, பக்கவாட்டு, உள்ளங்கால் எல்லாம் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உணர்வு குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும்வரை க்ளீட் ஷூ வேண்டாம். நிதானமாக மிதிக்கும் வேகத்தில் க்ளீட் இல்லாததால் உடல் கூடுதலாகச் செலவழிப்பதில்லை என்பதையும் மேலே சொன்ன கொலராடோ ஆட்களே அளந்து காட்டியிருக்கிறார்கள். சாதா பெடலும் நல்ல நடைஷூவும் போதும்.

மழையில் நனைந்த ஷூவை மொட்டை மாடியில் வெயிலில் காயவைக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது, ஒட்டு விட்டுவிடும். இன்சோலை வெளியே எடுங்கள், உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள், ஃபேனடியில் வையுங்கள். க்ளீட் திருகில் ஒரு சொட்டு எண்ணெய். இல்லையென்றால் அடுத்த முறை கழற்ற டிரில் மிஷின் தேட வேண்டிவரும்.