தோப்பு மரங்கொத்தியும் டாப்சிலிப் மரங்கொத்தியும் ஒன்றா? பொன்முதுகு மரங்கொத்திகளைப் பிரித்தறியும் வழி

வாசகர் கேள்வி: உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. பொன்முதுகு மரங்கொத்தி தினமும் வரும். டாப்சிலிப் போயிருந்தபோதும் அதே மாதிரி நான்கைந்து பறவைகளைப் பார்த்தோம். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிலவற்றின் முகம் வேறு மாதிரி தெரிகிறது. எல்லாம் ஒரே வகையா? நம் பக்கத்தில் மொத்தம் எத்தனை வகை மரங்கொத்திகள் உண்டு? எங்கே, எப்போது தேட வேண்டும்?

பதில்: வேறு வேறு வகைகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் முதுகு பொன்னிறமாக இருக்கும் மரங்கொத்திகள் நான்கு வகை. தோப்பிலும் ஊருக்குள்ளும் வருவது பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான். மற்ற மூன்றும் காட்டுப் பறவைகள். டாப்சிலிப் போன்ற இடத்தில் ஒரே காலையில் இரண்டு வகைகள் கண்ணில் படுவது சாதாரணம்.

பலரும் குழம்புவதற்குக் காரணம், பறவையின் பளிச்சென்ற இடத்தை முதலில் பார்ப்பதுதான். பொன்முதுகும் ஆண் பறவையின் சிவப்புக் கொண்டையும் நான்குக்கும் பொது. கையேடுகள் சொல்லும் பிட்டத்தின் (வாலுக்குச் சற்று மேலே உள்ள பகுதி) நிறம் நல்ல அடையாளம்தான். ஆனால் மரத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும்போது மடக்கிய இறக்கைகள் அதை மூடிவிடும். பறக்கும் ஒரு நொடியில்தான் தெரியும். ஆகவே முதலில் பிடரியைப் பாருங்கள். மரங்கொத்தி நமக்கு முதுகைக் காட்டியபடியே பெரும்பாலும் ஏறும் என்பதால், பிடரிதான் அதிக நேரம் கண்ணுக்கு நேராக இருக்கும்.

பிடரி கறுப்பாக இருந்தால் இரண்டில் ஒன்று. அடுத்து தொண்டையைப் பாருங்கள். தொண்டை கறுப்பாக, அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது உங்கள் தோப்புக்கு வரும் சாதாரணப் பொன்முதுகு மரங்கொத்தி. இதன் பிட்டமும் கறுப்பு. இறக்கையின் தோள்பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். தொண்டை வெளுப்பாக இருந்து, அலகடியிலிருந்து கழுத்துப் பக்கம் ஒரே ஒரு கறுப்பு மீசைக்கோடு இறங்கினால் அது மூவிரல் பொன்முதுகு மரங்கொத்தி. பிட்டம் சிவப்பு, அலகு தலையின் நீளத்தைவிடக் குட்டை, கண் கருமை. பெயருக்கேற்ப காலில் மூன்றே விரல்கள். ஆனால் விரலை எண்ணி அடையாளம் காண்பது படத்தில்தான் முடியும். காட்டில் அதற்காக நேரத்தைச் செலவிடாதீர்கள்.

பிடரி வெள்ளையாக இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. பெரிய பொன்முதுகு மரங்கொத்தியின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் மறக்காது. மீசைக்கோடு இரண்டாகப் பிரிந்து, நடுவே நீள்வட்டமாக ஒரு வெள்ளைத் திட்டை விட்டு, மீண்டும் சேரும். கண் வெளிறியிருக்கும். அலகு நீளமானது, ஏறக்குறைய தலையளவு. பிட்டம் சிவப்பு. நான்காவது வெண்பிடரி மரங்கொத்தி. இதில் பிடரியின் வெள்ளை அங்கேயே நிற்காமல் முதுகின் நடுவே முக்கோணமாக இறங்கும். இரு பக்கமும் கறுப்பு அதைக் கட்டிப் பிடித்திருக்கும். பிட்டம் கறுப்பு. பெண் பறவையின் கொண்டை மஞ்சள் என்பதால், மஞ்சள் கொண்டையுள்ள பொன்முதுகுப் பறவையைக் கண்டால் அதற்குமேல் யோசிக்கவே வேண்டாம்.

மற்ற மூன்று வகைப் பெண் பறவைகளும் கொஞ்சம் பொறுமை கேட்கும். சாதாரணப் பொன்முதுகுப் பெண்ணுக்கு முன்தலை கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள், பின்கொண்டை மட்டும் சிவப்பு. மூவிரல் வகையில் தலை முழுவதும் கறுப்பு, அதில் வெள்ளைக் கீற்றுகள். பெரிய வகையில் தலை முழுவதும் கறுப்பு, அதில் வட்டமான வெள்ளைப் புள்ளிகள். கீற்றா புள்ளியா என்பது இருட்டான காட்டில் தெரியாது. அப்போது மீசைக்கோட்டுக்குத் திரும்புங்கள். ஆணோ பெண்ணோ அது மாறாது.

எங்கே தவறு நேர்கிறது?

வெளிச்சம்தான் முதல் எதிரி. காட்டு நிழலில் பொன்னிறம் பச்சையாகத் தெரியும். உடனே அதைப் பச்சை மரங்கொத்தி என்று எழுதிவிடுகிறார்கள். மாலை வெயிலில் அதே முதுகு ஆரஞ்சாகத் தெரியும். கேரளம் உள்ளிட்ட தென்மேற்குப் பகுதியில் சாதாரணப் பொன்முதுகு மரங்கொத்தியின் உள்ளினம் ஒன்று உண்டு. பறவையியலாளர் சாலிம் அலியின் மனைவி தெஹ்மினாவின் பெயரை அறிவியல் பெயரில் தாங்கிய அதற்கு, முதுகு சற்று பச்சை கலந்தும் இறக்கைப் புள்ளிகள் மங்கியும் இருக்கும். ஆகவே முதுகு நிறத்தின் சாயலை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது அழுக்கு. பொந்து குடையும் காலத்தில் மரச்சாறும் தூளும் ஒட்டி, வெள்ளைத் தொண்டையும் பிடரியும் பழுப்பாகிவிடும். மூன்றாவது, ஒரே படத்தை நம்புவது. பக்கவாட்டில் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று, பறக்கும்போது ஒன்று என மூன்று கோணங்கள் கிடைத்தால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். மரங்கொத்தி பல நேரம் வானத்தைப் பின்னணியாக்கிக்கொண்டு உட்காரும் என்பதால் கேமராவில் எக்ஸ்போஷரை +0.7 முதல் +1.3 வரை கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் முகம் கறுப்புத் திட்டாக விழுந்து மீசைக்கோடே காணாமல் போகும். ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறைந்தால் கொத்தும் தலை கலங்கிவிடும்.

ஈபேர்டு போன்ற பறவைப் பதிவுத் தளங்களில் பதிவிடும்போது மீசையும் பிடரியும் தெரியாத பறவையை 'இனம் உறுதியாகாத பொன்முதுகு' என்ற பிரிவில் போடுங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஊகித்து இட்ட பதிவுதான் பரவல் வரைபடத்தைக் கெடுக்கும். செயலிகள் குரலை வைத்துச் சொல்லும் பெயரையும் அப்படியே ஏற்காதீர்கள். சாதாரண வகையும் மூவிரல் வகையும் போடும் கிகிகிகி என்ற சிரிப்பு ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். பெரிய வகையின் குரல் மட்டும் தனி: பூச்சி ரீங்கரிப்பதுபோல் மெலிந்து, இடைவிடாமல் நீளும்.

இனி, மொத்தம் எத்தனை?

நான்கு பொன்முதுகுகளையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் நிரந்தரமாக வாழ்பவை 12 வகை. குளிர்காலத்தில் வலசை வரும் ரைநெக் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கழுத்தைப் பாம்புபோல் திருகும் இந்தப் பறவை மரத்தைக் குடையாது. அக்டோபர் முதல் மார்ச் வரை புதர்க்காட்டின் தரையில் எறும்பு பொறுக்கும். மரத்தண்டையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கோட்டை விடுவார்கள்.

மீதி எட்டில் மிகப்பெரியது வெண்வயிற்றுக் கருமரங்கொத்தி. சுமார் 48 செ.மீ., காக்கையைவிடப் பெரிய உடம்பு, உடம்பு கறுப்பு, வயிறும் பிட்டமும் வெள்ளை. ஆணுக்குத் தலை முழுவதும் சிவப்பு, கன்னத்திலும் ஒரு சிவப்புக் கோடு. பெண்ணுக்குப் பின்தலை மட்டும். டாப்சிலிப்பின் தேக்கு, இலையுதிர் காடுகளில் இதைத் தேடலாம். பெரிய பட்ட மரங்கள் இல்லாத காட்டில் இது இருக்காது. அளவின் அடுத்த கோடியில் புள்ளிக் குட்டி மரங்கொத்தி, 10 செ.மீ. மட்டுமே. மூங்கிலின் மெல்லிய குச்சியில் சிட்டுபோல் தொங்கும். தட்டும் மெல்லிய ஓசையைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதயப்புள்ளி மரங்கொத்தியைப் பார்க்க ஆசைப்படாத பறவை ஆர்வலர் இல்லை. உடம்பு சிறியது, கொண்டை பெரியது, வால் வெட்டிவிட்டதுபோல் குட்டை; வெளிர் இறக்கையில் கறுப்பு இதய வடிவப் புள்ளிகள். பெண்ணுக்கு நெற்றி வெளுப்பு, ஆணுக்குக் கறுப்பு. பெருந்தண்டில் தேடினால் கிடைக்காது. உச்சியின் மெல்லிய கிளைகளில் இணையாகத் திரியும்.

செம்மரங்கொத்தியின் வாழ்க்கை எறும்போடு பின்னியது. மரக்கிளையில் சாணி உருண்டைபோல் கறுப்பாகக் கூடு கட்டும் கிரிமடோகாஸ்டர் எறும்புகள் உண்டு. அந்தக் கூட்டையே குடைந்து, எறும்புகள் உள்ளே இருக்கும்போதே அதில் முட்டையிடும். ஆகவே இதைத் தேடுபவர் அந்த எறும்புக் கூடுகளைத் தேட வேண்டும். கூட்டில் வட்டமான புதுத்துளை தெரிந்தால் விலகி நின்று காத்திருங்கள்.

பச்சை நிறத்தில் இரண்டு. பிடரியில் மஞ்சள் கொண்டை நீட்டிக்கொண்டிருந்தால் சிறிய மஞ்சட்பிடரி மரங்கொத்தி, ஈரக் காட்டுப் பறவை. தொண்டையும் வயிறும் செதில் செதிலாகக் கோடிட்டிருந்தால் கீற்றுத்தொண்டை மரங்கொத்தி. அடிக்கடி தரையில் இறங்கிக் கறையான், எறும்பு தின்னும். இன்னும் இரண்டு சிறியவை: மஞ்சள் நெற்றியும் அடிவயிற்றில் சிவப்புத் திட்டும் கொண்ட மராட்டா மரங்கொத்தி, பழுப்புத் தலையும் வெளிறிய கண்ணும் கொண்ட 13 செ.மீ. பழுப்புத்தலைக் குள்ள மரங்கொத்தி.

எங்கே, எப்போது?

உங்கள் ஊர் வாய்ப்பான இடத்தில் இருக்கிறது. அமராவதியிலிருந்து சின்னார் செல்லும் சாலையோரம் மழைமறைவுப் பகுதியின் காய்ந்த காடு. மராட்டா, வெண்பிடரி போன்ற வறள்காட்டு வகைகளுக்கு அந்த நிலமே பொருத்தம். சத்தியமங்கலம், மசினகுடிப் பக்கமும் அப்படித்தான். ஈரக் காட்டு வகைகளுக்கு டாப்சிலிப், வால்பாறை, கேரளத்தில் பரம்பிக்குளம், தட்டேக்காடு. பகுதிக்குப் பகுதி வகைகள் மாறுவதற்கு மழையளவும் மர வகையும்தான் முதல் காரணம். உடுமலையிலிருந்து ஒரு நாளில் எட்டும் தூரத்தில் இரண்டு வகைக் காடும் இருப்பதால், ஒரே பகுதியில் திரும்பத் திரும்பத் தேடாமல் இரண்டையும் மாற்றிமாற்றிப் போங்கள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். இலை உதிர்ந்து பார்வை திறந்திருக்கும். இணை தேடும் பறவைகள் காய்ந்த கிளையில் முரசடிக்கும். இரை தேடும் தட்டல் விட்டுவிட்டுச் சீரற்று வரும். முரசொலி ஒரே வேகத்தில் உருண்டு நிற்கும். முரசொலி கேட்டால் அந்தக் கிளைக்கே பறவை மீண்டும் வரும் என்பதால் துரத்தாமல் அங்கேயே நில்லுங்கள். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதே பருவத்தில் வருவதால், தோப்பிலிருந்தே அதில் கலந்துகொள்ளலாம். புலிகள் காப்பகங்களில் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் நடக்க முடியாது. கோடை தொடங்கும்போது காட்டுத்தீ அபாயத்தால் பாதைகளை மூடுவதும் உண்டு. முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

8x42 பைனாகுலர் போதும். காலை 6.30 முதல் 9.30 வரை நடங்கள். மரங்கொத்தியை மட்டும் தேடாமல், பல வகைப் பறவைகள் சேர்ந்து இரை தேடும் கலப்புக் கூட்டத்தைத் தேடுங்கள். துடுப்புவால் கரிச்சான் கத்தினால், மின்சிட்டுகள் நகர்ந்தால், கூடவே பொன்முதுகு ஒன்று வரும். கொத்தும்போது பறந்தெழும் பூச்சிக்காகக் கரிச்சான் மரங்கொத்தியின் பின்னாலேயே செல்லும். குரல் பதிவை ஒலிக்கவிட்டு வரவழைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். இனப்பெருக்க காலத்தில் அது பறவையைக் கூட்டைவிட்டு இழுக்கும்.

வெளியூர் போகும் திட்டம் இருந்தால்: இந்தியாவில் 30-க்கும் மேற்பட்ட மரங்கொத்தி வகைகள் உண்டு. ஒரே பயணத்தில் அதிக வகைகள் வேண்டுமென்றால் உத்தராகண்டின் கார்பெட், சத்தால் பக்கம் போகலாம். சால் காடும் மலைக்காடும் அருகருகே இருப்பதால் உயரம் மாற மாற வகைகளும் மாறும். உலகின் மிகப்பெரிய மரங்கொத்தியான, சுமார் 50 செ.மீ. நீளச் சாம்பல் நிறப் பறவையும் அந்த அடிவாரத்தில் உண்டு. அந்தமானில், வேறெங்கும் இல்லாத அந்தமான் கருமரங்கொத்தி.

இலங்கை தனிக் கதை. யாழ்ப்பாணத்தில் நம் தோப்புப் பறவையே பொன்முதுகோடு இருக்கிறது. தெற்கே அதன் இடத்தில் முதுகு முழுவதும் சிவந்த, இலங்கைக்கே உரிய செம்முதுகு மரங்கொத்தி. இரண்டும் சந்திக்கும் வடமத்தியப் பகுதியில் கலப்பினப் பறவைகள் ஆரஞ்சுச் சாயலில் தென்படும். சிவப்பு வகை தனி இனமே என்று 2016-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஈரக் காட்டில் இன்னொரு சிவந்த முதுகுப் பறவையும் உண்டு. அதன் அலகு தந்த நிறம், கண்ணும் வெளுப்பு. செம்முதுகு மரங்கொத்தியின் அலகு கருமை. அங்கே பிடரிக்கு முன் அலகைப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் தோப்பு. பட்டுப்போன தென்னை இருந்தால், அக்கம்பக்கத்தில் விழுந்து ஆபத்து தராத நிலையில் அதை நிற்கவிடுங்கள். மட்கிய தண்டில்தான் பொந்து குடைவது எளிது. மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தில் கிளியும் மைனாவும் குடியேறும். உயிருள்ள தென்னையில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்தினால், அங்கே பழுப்புச் சாறு வடிகிறதா, மென்ற நார் வெளியே தள்ளியிருக்கிறதா, காதை வைத்தால் மெல்லும் ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். அது சிவப்புக் கூன்வண்டின் அறிகுறி; கவனிக்க வேண்டியது வண்டை. கூடு வைக்கும் காலம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஜூலை வரை. சாதாரணப் பொன்முதுகு வழக்கமாக 3 முட்டையிடும். சுமார் 11 நாளில் பொரிந்து, அதன்பின் 20 நாள் போல் குஞ்சுகள் பொந்தில் இருக்கும். பட்ட மரத்தை வெட்டியே ஆகவேண்டுமென்றால், பொந்துக்குள் தீனி கொண்டுபோவது நின்றுவிட்டதா என்று இரண்டு மூன்று நாள் காலையில் கவனித்துவிட்டு, ஆகஸ்டுக்குமேல் வெட்டுங்கள்.