சத்தியம் வாங்கிக்கொண்டான், என்ன செய்வது?

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. உயர்தரம் எழுதிய வருடம் மனச்சோர்வு வந்து எட்டு மாதம் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. மருந்தும் உளவளத்துணையும் எடுத்துத் தேறினேன். இப்போது வைத்தியசாலை உளநலப் பிரிவோடு சேர்ந்து என்னைப் போன்ற இளம் ஆட்களுக்குச் சகபாடியாக, அதாவது அதே வருத்தம் வந்து தேறிய துணையாக, இருக்கிறேன். 19 வயதுப் பெடியன் ஒருவன் இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் போன் எடுக்கிறான். போன கிழமை "இருந்து என்ன பிரயோசனம்" என்றான். யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டான். தெரிந்தால் பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படுகிறான்.
– பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். இதே நிலையில் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள்.

அந்தச் சத்தியத்தை மீறுங்கள். ஆனால் அவனுக்குத் தெரியாமல் மீற வேண்டாம். "நீ சொன்னதைக் கேட்டு எனக்குப் பயமாக இருக்கு. இதை நான் தனியாக வைத்திருக்க ஏலாது. ஆருக்குச் சொல்லுவம், நீயே சொல்லு" என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். சாக வேண்டும் என்று யோசிக்கிறாயா என்றும் நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே ஊட்டிவிடுவோம் என்பது பிழையான பயம். ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பலருக்கு மூச்சு விட்டதுபோல இருக்கும்.

பொலிஸ் பயத்துக்கு மறுமொழி சுலபம். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு இலங்கையில் 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஊரில் இன்னும் பலருக்கு இது தெரியாது. உதவி கேட்டு வருபவனை யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று அவனுக்கு விளங்கப்படுத்துங்கள்.

அடுத்தது வீடு. வயல் செய்கிற வீடென்றால் பயிருக்கு அடிக்கிற மருந்து கட்டாயம் இருக்கும். அதை வீட்டிலிருந்தே எடுத்து, வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். தொண்ணூறுகளின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. பொருள் கைக்கெட்டாமல் போனால் அந்த வேகம் தணிய நேரம் கிடைக்கிறது, வேறொன்றுமில்லை.

நானும் இதே பிழையை விட்டவள்தான். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பிள்ளைக்கு "சொல்லமாட்டன்" என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். இரவு முழுக்க நித்திரை இல்லை. விடிய ஐந்து மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அவளின் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். நாலு மாதம் அந்தப் பிள்ளை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. காலபோக அறுவடை முடிந்த ஒரு நாள், புது அரிசி ஒரு பையில் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்தாள்.

இரவு அழைப்புகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஒருமுறை விழுந்து எழும்பியவர், உங்களுக்கு நித்திரை வேண்டும். பத்து மணிக்குப் பிறகு 1926 இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், 24 மணி நேரமும் எடுக்கலாம். அவனுடைய போனில் அதை நீங்களே பதிந்து கொடுங்கள். உளநலப் பிரிவில் உங்களுக்குப் பொறுப்பானவரிடமும் இன்றே சொல்லுங்கள். சகபாடி என்றால் வைத்தியர் இல்லை.

"அப்ப சகபாடி என்று நான் எதற்கு" என்று கேட்பீர்கள். என் கதையைச் சொல்கிறேன். 2009 இல் எனக்கு 17 வயது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் மூன்று மாதம் வாய் திறக்காமல் கிடந்தேன். பக்கத்துக் கூடாரத்து அக்கா ஒருவர் தினமும் நிவாரண அரிசியைத் தட்டில் கொண்டுவந்து, "கல்லுக் கிடக்கு, பொறுக்குவம்" என்று என் மடியில் பாதியைத் தள்ளுவார். யாரை இழந்தாய், என்ன நடந்தது, ஒன்றும் கேட்டதில்லை. அவரும் இழந்தவர்தான். எனக்கு முதலில் வந்த வார்த்தை "இது கல்லில்லை, நெல்லு". அவனோடு வாரத்தில் ஒரு பின்னேரம் குளக்கட்டில் நடங்கள், கழன்ற சைக்கிள் செயினைச் சேர்ந்து மாட்டுங்கள். புத்திமதி வேண்டாம்.

கேள்வி: மகன் உளநலப் பிரிவில் மருந்து எடுக்கிறான். இளைஞர் சந்திப்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள். போனால் ஊர் "விசர்" என்று பெயர் வைக்காதா?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: அனுப்புங்கள் அம்மா. அந்தச் சொல்லுக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்திருந்து, வருத்தம் முற்றிய பிறகு கொண்டுவந்த பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். சந்திப்புக்குப் போகிறான் என்று மருந்தை மட்டும் நிறுத்திவிட வேண்டாம், அது வைத்தியர் சொல்ல வேண்டியது. முதல் நாள் மண்டப வாசல் வரை கூட்டிக்கொண்டு வாருங்கள். அடுத்த கிழமையிலிருந்து அவனைத் தனியாக சைக்கிளில் வரவிடுங்கள்.