என்சைம் ஊற்றினால் போதுமா? நீச்சல்குளக் கேள்வி-பதில்

கோடை முகாம் ஆரம்பித்ததும் பச்சைத் தண்ணீர், கண் எரிச்சல் என்றுதான் வழக்கமாகக் கடிதங்கள் வரும். இந்த முறை முக்கால்வாசி என்சைம், அதாவது குளத்தில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கை உடைக்க ஊற்றும் நொதி. சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் யாரோ எல்லா அபார்ட்மென்ட் சங்கங்களுக்கும் ஆளுக்கொரு கேன் விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள் போல.

என்சைம் போட்டால் குளோரினை நிறுத்திவிடலாமா? (சோழிங்கநல்லூர்)

கூடாது. என்சைம் எண்ணெயை உடைக்கும், கிருமியைக் கொல்லாது. குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் 7.2 முதல் 7.8. இது மாறாது.

எங்கள் குளம் கொஞ்சம் பெரியது. எவ்வளவு ஊற்ற வேண்டும்? (வேளச்சேரி)

'கொஞ்சம் பெரியது' என்பது ஓர் அளவா சார்? உங்கள் ஊரிலேயே 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய நீச்சல் வளாகம் இருக்கிறது, அதுவும் பெரியதுதான். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28ஆல் பெருக்குங்கள், லிட்டர் கிடைக்கும். 25க்கு 15, ஆழம் நாலரை என்றால் சுமார் 47,000. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேனில் உள்ள அளவைப் படியுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் முதலில் ஒரு பெரிய அளவு, அப்புறம் வாரம் ஒரு சின்ன அளவு என்றுதான் இருக்கும்.

டைல்ஸில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு. ஒரு மாதமாக என்சைம் போட்டும் போகவில்லை. (ஈசிஆர், ரிசார்ட் மேலாளர்)

விரலால் தேய்த்துப் பார்த்தீர்களா? வழவழவென்று கறுப்பாக விரலில் ஒட்டினால் எண்ணெய், சன்ஸ்கிரீன். அது என்சைமின் வேலை, கூடவே பிரஷ் போட்டால் இன்னும் சீக்கிரம் போகும். வெள்ளையாக, சொரசொரவென்று நகத்தில் இடறினால் சுண்ணாம்புப் படிவு. நம் போர் தண்ணீருக்கு அது சகஜம். நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு வைத்தால் நுரைக்கும். அதன் மேல் நீங்கள் என்சைமை வருடம் முழுக்க ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. (ஆசிட்டை நீர்க்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. எத்தனை தடவை சொன்னாலும் ஒருவர் மாற்றிச் செய்துவிட்டு எனக்கு எழுதுகிறார்.)

முடி கெடாமல் இருக்க மகளுக்கு எண்ணெய் தடவித்தான் நீச்சல் வகுப்புக்கு அனுப்புகிறேன். என்சைம் போடும் குளம்தானே, தவறில்லையே? (அண்ணாநகர் வாசகி)

உங்கள் மகள் ஒருத்திக்கு என்றால் பரவாயில்லை, வகுப்பில் 30 பிள்ளைகள் அம்மா. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் என்றால் என்சைமில் உள்ள லைப்பேஸ் என்ற நொதி உடைத்துப் போடும், மெதுவாக. ஆனால் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். கடையில் விற்கும் ஹேர் ஆயில் பலவற்றில் லிக்விட் பாரஃபின், அதாவது மினரல் ஆயில் சேர்த்திருப்பார்கள். அது தாவர எண்ணெய் இல்லை, பெட்ரோலியத்திலிருந்து வருவது. லைப்பேஸுக்குப் பிடித்து உடைக்க அதில் ஒன்றும் கிடையாது, நேராகப் போய் ஃபில்டர் மணலில் பிசுக்காக உட்காரும். எண்ணெய்க்குப் பதிலாகத் தலையை நல்ல தண்ணீரில் நனைத்துக் குளியல் தொப்பி போட்டு அனுப்புங்கள்.

எலுமிச்சை, சாத்துக்குடித் தோலும் வெல்லமும் போட்டு 3 மாதம் ஊறவைத்த பயோ என்சைம் எங்கள் சங்கத்தில் நிறைய இருக்கிறது. கெமிக்கல் இல்லாமல் குளத்தைப் பராமரிக்க முடிவு செய்திருக்கிறோம். எத்தனை லிட்டர் விடலாம்? (பெருங்குடி)

ஒரு சொட்டும் விட வேண்டாம். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த வினை இது. நானும் நாலைந்து வருடமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து என்று ஊறவைத்து வடிகட்டினால் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் காடி மாதிரியான புளிப்புத் தண்ணீர், கூடவே பழச்சாறு, மிச்சமிருக்கும் சர்க்கரை, ஈஸ்ட், பாக்டீரியா. தரை துடைக்கவும் கழிவறை தேய்க்கவும் அருமையாக இருக்கும். எங்கள் வீட்டு பால்கனியிலும் ஒரு டப்பா உண்டு, ஆரம்பத்தில் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விடுவது என் வேலை. ஆனால் குளத்துக்குள் போனதும் அது குளோரினைப் பொறுத்தவரை வியர்வை, சிறுநீர் மாதிரி இன்னொரு அழுக்கு, அவ்வளவுதான். இருக்கிற குளோரின் அத்தனையும் அதை எரிப்பதிலேயே தீர்ந்துவிடும்.

போன கோடையில் ஓர் அபார்ட்மென்டில் இரவு 20 லிட்டர் ஊற்றிவிட்டு, காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீரில் மோரைக் கரைத்த மாதிரி ஒரு கலங்கல். டெஸ்ட் குழாயில், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் டிபிடி மாத்திரையை நசுக்கிப் போட்டு ஆட்டுகிறேன், இளஞ்சிவப்பு வரவே இல்லை, நிறமே இல்லாமல் நிற்கிறது. மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையைத் தூக்கினால் ஊறிப்போன ஆரஞ்சுத் தோல் இரண்டு. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் வகுப்புக்கு வரப் போகிறார்கள். 'இயற்கையானதுதானே சார்' என்றார் செயலாளர். கொசுவும் இயற்கையானதுதான். மூன்று நாள் குளத்தை மூடி, குளோரினை ஏற்றி, இடைவிடாமல் ஃபில்டர் ஓட்டி, இரண்டு தடவை பேக்வாஷ் செய்த (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவிய) பிறகுதான் தரை டைல்ஸ் கண்ணுக்குத் தெரிந்தது. கடையில் விற்கும் குள என்சைமில் எண்ணெயை உடைக்கும் லைப்பேஸைப் பிரித்தெடுத்து அளவு பார்த்துச் சேர்க்கிறார்கள். உங்கள் டப்பாவில் என்ன நொதி எவ்வளவு இருக்கிறது என்று அந்தச் சாத்துக்குடிக்கே தெரியாது.

ஷாக் (ஒரேயடியாக அதிகக் குளோரின்) கொடுக்கும் நாளிலேயே என்சைமும் போடலாமா? (தாம்பரம்)

வீண். குளோரின் 5 பிபிஎம்முக்குக் கீழே இறங்கட்டும், அப்புறம் ஊற்றுங்கள்.

என்சைம் போட்டும் குளோரின் வாடை தாங்கவில்லை. டெஸ்ட் கிட்டில் குளோரின் சரியாகத்தான் காட்டுகிறது. (பெரும்பாக்கம்)

உங்கள் கிட்டில் மஞ்சள் நிறம் வருகிறதா? வரும், ஏனென்றால் மலிவாகக் கிடைப்பது அதுதான். அது மொத்தக் குளோரினைக் காட்டும், வேலை செய்கிற குளோரின் எவ்வளவு என்று காட்டாது. மூக்கில் ஏறுவது குளோரமின், குளோரின் சிறுநீரோடும் வியர்வையோடும் சேர்ந்து உண்டாவது. சிறுநீரிலும் வியர்வையிலும் உள்ள யூரியாவை உடைக்கும் நொதி சாதாரணமாக அந்தக் கேன்களில் இருப்பதில்லை. டிபிடி கிட் வாங்கி மொத்தக் குளோரின், வேலை செய்கிற குளோரின் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குளோரமினாகச் சேர்ந்துபோன குளோரின். அது எவ்வளவோ அதைப்போல் பத்து மடங்கு குளோரின் கொடுத்தால்தான் வாடை போகும். பிள்ளைகளைக் குளத்துக்குள் விடும் முன் கழிவறைக்கும் ஷவருக்கும் அனுப்புங்கள்.

எங்களுடையது 60,000 லிட்டர் குளம். வருடக்கணக்காக மாத்திரைக் குளோரின் போடுகிறோம். அளவு சரியாக இருந்தும் பாசி பிடிக்கிறது. என்சைம் உதவுமா? (போரூர்)

உதவாது. டிரைகுளோர் மாத்திரை கரையும்போதெல்லாம் தண்ணீரில் சயனூரிக் அமிலத்தை விட்டுவிட்டுப் போகிறது. நம் வெயிலுக்கு அது 30 முதல் 50 பிபிஎம் வரை வேண்டும், இல்லாவிட்டால் மதியத்துக்குள் குளோரின் காணாமல் போகும். 100ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் சோம்பேறியாகிவிடும். பாதித் தண்ணீரை வடித்துப் புதிதாக நிரப்புவதைத் தவிர வழியில்லை. உங்கள் 60,000 லிட்டர் குளத்துக்கு இரண்டரை டேங்கர் லாரி. வயிறு எரியும்தான். இடைக்காலத்துக்குப் பிளீச்சிங் பவுடர் போடலாம், ஆனால் மாத்திரை போடும் டப்பாவில் அதைப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷவாயு, தீ.

குழந்தை குளத்தில் பேதியாகிவிட்டது. என்சைம்? (பெயர், ஊர் இல்லை)

எல்லாரையும் வெளியேற்றிக் குளத்தை மூடுங்கள். 20 பிபிஎம் குளோரின், 13 மணி நேரம், சயனூரிக் அமிலம் இருந்தால் இன்னும் அதிகம். என்சைமுக்கு இங்கே வேலையே இல்லை.

போன வருடம் வாங்கிய கேன் பம்ப் ரூமில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. இப்போது போடலாமா? புகைப்படம் இணைத்துள்ளேன். (மடிப்பாக்கம்)

என்சைம் ஒரு புரதம். வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டையாகாது. ஒரு கத்திரி வெயில் முழுக்கத் தகரத்துக்கு அடியில் இருந்த கேனில் இனி என்ன மிச்சமிருக்கும்? கேன் கிடக்கட்டும். புகைப்படத்தில் அதற்குப் பின்னால், ஒரே அலமாரியில், மாத்திரை டப்பாவின் மேலேயே வாய் பிரிந்த பிளீச்சிங் பவுடர் மூட்டை சாய்ந்திருக்கிறது. இப்போதே எழுந்து போய் அந்த மூட்டையை வேறு அறைக்கு மாற்றுங்கள், மாற்றியதும் இன்னொரு புகைப்படம் அனுப்புங்கள்.