நடனத்தில் மைனர்: கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் நடனத் துறையில் பாடம் நடத்துகிறேன். இங்கே மேஜர் என்பது பட்டத்துக்கான முதன்மைப் பாடம், மைனர் அதோடு சேர்த்து எடுக்கும் சிறு துணைப் பாடம். நடனத்தில் மைனர் எடுக்கும் பிள்ளைகளுக்கு அட்வைசரும் நான்தான். பரதம் சென்னையில் கற்றது. வந்திருக்கும் கேள்விகளை வரிசையாகப் பார்க்கிறேன். அட்மிஷன் கிடைக்குமா என்று ஜோசியம் கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை.

டல்லாஸிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர். கூடவே நடனத்தில் மைனர் வேண்டும் என்கிறான். எத்தனை பாடம்? தாங்குவானா?

செமஸ்டர் முறையில் நடக்கும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 18 முதல் 24 கிரெடிட், அதாவது பாட மதிப்புப் புள்ளி. பட்டத்துக்கு மொத்தம் 120 என்றால் அதில் ஆறில் ஒரு பங்கு அளவு. வருடத்தை இன்னும் சிறிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை என்றால் எண்கள் மாறும்.

ஆனால் கிரெடிட்டை மட்டும் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். ஆடிப் பழகும் டெக்னிக் வகுப்பு பல இடங்களில் 1 அல்லது 2 கிரெடிட்தான், ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஸ்டூடியோவில் நிற்க வேண்டும். நோட்ஸ் வாங்கிப் படித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. வராவிட்டால் கிரேடு இறங்கும். வகுப்புகள் பகலில் நடப்பதால் கம்ப்யூட்டர் லேப் நேரத்தோடு முட்டிக்கொள்ளும். டெக்னிக் போக நடன வரலாறு ஒன்று, சொந்தமாக நடனம் அமைக்கும் காம்போசிஷன் ஒன்று, பிறகு உடலியக்கவியல், மேடை ஒளியமைப்பு போன்றவற்றில் ஒன்றிரண்டு வரும். காம்போசிஷன் போன்ற பாடம் வருடத்துக்கு ஒரு முறைதான் வைப்பார்கள், அதற்கு முன்நிபந்தனைப் பாடமும் இருக்கும். மூன்றாம் வருடத்தில் விழித்துக்கொண்டால் முடிக்க முடியாது.

அதனால் ஒன்று சொல்கிறேன், இன்று பலமுறை சொல்லப்போகிறேன்: மைனர் எடுக்கிறேன் என்று படிவம் நிரப்பி முறைப்படி டிக்ளேர் செய்யுங்கள். "மனசுக்குள் மைனர்" என்று யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மேல்நிலை வகுப்புகளில் பல துறைகள் முதல் இடங்களை மேஜருக்கும் டிக்ளேர் செய்த மைனருக்கும்தான் ஒதுக்கும்.

தாங்குவானா? முதல் வருடமே தொடங்கினால் தாங்குவான்.

ஹூஸ்டன், 12ஆம் வகுப்பு மாணவி: அக்கா, மைனரில் சேர ஆடிக் காட்டும் ஆடிஷன் உண்டா?

பெரும்பாலும் மேஜருக்குத்தான் ஆடிஷன். மைனருக்கு நிலை பார்க்க ஒரு பிளேஸ்மென்ட் வகுப்பு வைப்பார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் துறையின் உதவித்தொகையும் பெரும்பாலும் மேஜருக்கே போகும்.

நியூஜெர்சி, ஒரு அம்மா: என் மகள் 11 வருடம் பரதம் கற்றவள். அரங்கேற்றம் முடித்துவிட்டாள். பிளேஸ்மென்டில் அவளை மாடர்ன் என்ற மேற்கத்திய நவீன நடனத்தின் முதல் நிலையில், இதுவரை ஆடியே பார்க்காத பிள்ளைகளோடு போட்டுவிட்டார்கள். தரையில் படுத்து உருளச் சொல்கிறார்களாம். இது அவமானமில்லையா? அரங்கேற்றத்துக்கு கிரெடிட் கொடுக்க மாட்டார்களா?

கிரெடிட் கொடுக்க மாட்டார்கள். கல்லூரி கிரெடிட் வாங்கித்தரும் உயர்நிலைப் பள்ளி ஏபி தேர்வுகளிலும் நடனம் கிடையாது, அந்த வழியும் இல்லை.

அவமானமா என்றால், இல்லை. அவளுடைய பரதத்துக்கு யாரும் முதல் நிலை என்று பெயர் வைக்கவில்லை, அவளுடைய மாடர்னுக்கு வைத்திருக்கிறார்கள். இருபது வருடம் வீணை வாசித்தவர் வயலினைத் தொட்டால் முதலில் வில் பிடிக்கத்தானே கற்க வேண்டும்?

தரையில் படுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் நடனத்துக்கு முதன்முதலாகப் பட்டப்படிப்பு வந்தது 1926இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். அதைக் கொண்டுவந்த மார்கரெட் ஹடப்ளர் நடனக்காரர் இல்லை. உயிரியல் படித்தவர், உடற்கல்வித் துறையில் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர். நிற்கும்போது உடல் புவியீர்ப்போடு போராடிக்கொண்டே இருக்கிறது, படுத்தால் அந்தப் பாரம் விலகி மூட்டுகள் எப்படி அசைகின்றன என்று தெரியும் என்பது அவர் வழி. வகுப்பில் எலும்புக்கூடு வைத்துப் பாடம் நடத்தினார். உங்கள் மகள் உருள்வது அந்த மரபில்தான்.

பரதக்காரப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு ஏன் கடினம் என்று நான் பார்த்த வரையில் சொல்கிறேன். நம் பயிற்சியில் நடு உடம்பு நேராக நிற்கும், வேலையெல்லாம் காலுக்கும் கைக்கும் முகத்துக்கும். மாடர்னில், அதுவும் அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் வழியில், அசைவு இடுப்புக்கூட்டிலிருந்து கிளம்பும், முதுகு வளையும். அரங்கேற்றம் முடித்த பெண் அங்கே முதல் மாதம் திணறுவாள். திணறட்டும், அதற்குத்தானே பணம் கட்டுகிறீர்கள்? ஏற்கெனவே தெரிந்ததற்கு முத்திரை வாங்க மைனர் எதற்கு?

மிச்சிகன், மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் ப்ரீமெட் மாணவர்: நடன கிரேடு மெடிக்கல் ஸ்கூல் பார்க்கும் ஜிபிஏவை (கிரேடு சராசரி) கெடுக்குமா?

விண்ணப்பத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்து ஒரு சராசரி, எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து இன்னொன்று. நடனம் இரண்டாவதில் மட்டும் சேரும். வகுப்புக்கு ஒழுங்காகப் போனால் அங்கே கிரேடு கெடாது. போகாமல் இருந்தால் நிச்சயம் கெடும். டிக்ளேர் செய்தாகிவிட்டதா?

அரிசோனா, எஃப்-1 (மாணவர்) விசா மாணவி: மைனர் இருப்பதால் ஓபிடியில் (படிப்பு சார்ந்த தற்காலிக வேலை அனுமதி) நடனம் சொல்லிக்கொடுக்கலாமா? வார இறுதிகளில் கல்யாண நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறார்கள், கையில் கேஷாகத் தருவார்கள்.

முதல் கேள்விக்கு: முடியாது. ஓபிடி வேலை மேஜரோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) மேஜருக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பும் மேஜரை வைத்துத்தான். மைனர் உதவவும் செய்யாது, கெடுக்கவும் செய்யாது.

இரண்டாவதற்கு: வேண்டாம். கேஷ், கவர், "சின்ன அன்பளிப்பு", எந்தப் பெயரில் வந்தாலும் அனுமதியில்லாத வேலைதான். விசா நிலையே போகும். வளாகத்துக்குள் செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நடனத் துறையிலேயே உடை அறை, ஒளியமைப்பு என்று ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள், அங்கே போய்க் கேளுங்கள். பணம் வாங்காமல் ஆடுவது பற்றியும் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆடுங்கள்.

நியூஜெர்சி அம்மா மீண்டும்: வீணை, வயலின் எல்லாம் சரி. அப்படியானால் பாலே கற்ற பெண்ணையும் பரதம் முதல் நிலையில் போட வேண்டும் அல்லவா? அவர்களுக்கு பாலேயும் மாடர்னும் கட்டாயம். நம்முடையது "உலக நடனம்" என்ற பெட்டியில், விருப்பப் பாடமாக. இது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்கலாமே! நியாயம் இல்லை. பல துறைகளில் இன்னமும் அப்படித்தான். இதே சண்டையை 1970 வாக்கிலேயே ஜோன் கியாலிநோஹோமோகு என்ற மானுடவியலாளர் போட்டார். பாலேயும் ஓர் இனத்தின் நடனம்தான், அதை மட்டும் பொதுவானது என்று உட்காரவைப்பது ஏன் என்று கட்டுரை எழுதினார். உங்கள் மகள் வரலாற்றுப் பாடத்தில் அதைப் படிக்க வாய்ப்பு அதிகம். சில துறைகள் இப்போது "ஏதாவது இரண்டு நடன வடிவம்" என்று விதியை மாற்றியிருக்கின்றன. சேரும் முன் பல்கலைக்கழகத்தின் பாட விதிகள் உள்ள கேட்லாகில் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

பரதத்தையே பாடமாக வைத்த இடங்களும் உண்டு. தேவதாசிப் பரம்பரையில் வந்த பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 1962இல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் ஆடினார், வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் வேறு சில பல்கலைக்கழகங்களிலும் கற்பித்தார். அவர் தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் வெஸ்லியனில் மிருதங்கமும் குழலும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே இன்றும் பரதம் பாடம்.

சான் ஹோசே, நடன ஆசிரியை: நான் 25 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நடன வரலாறு படித்துவிட்டு வரும் என் மாணவிகள் என்னிடமே வாதம் செய்கிறார்கள். "இரண்டாயிரம் வருடக் கலை என்று சொல்லாதீர்கள் டீச்சர்" என்கிறார்கள். பக்தியைக் கெடுத்து அனுப்புகிறீர்கள்.

அம்மா, அவர்கள் படித்துவிட்டு வருவது நம் சென்னையின் கதையைத்தான். 1932இல் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியும் இந்த ஆடலைக் காக்க வாதாடிய வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யரும் பத்திரிகைக் கடிதங்களில் மோதிக்கொண்டது, 1935இல் பரம்பரைக்கு வெளியிலிருந்து வந்த ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறியது, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் ஆடியவர்கள் மாறினார்கள், மேடை மாறியது, பார்வையாளர் மாறினார்கள். பரம்பரையாக ஆடிய பல குடும்பங்கள் சொல்லாமலே ஒதுங்கிக்கொண்டன. இதைப் படிக்கும் பெண் உங்களிடம் வந்து கேட்கிறாள் என்றால், கேட்குமளவுக்கு உங்களோடு நெருக்கமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சி அம்மா: அப்படியென்றால் அரங்கேற்றமே வீண் என்கிறீர்களா?

நான் அப்படிச் சொல்லவில்லை. பாலசரஸ்வதிக்குக் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் நடந்தபோது வயது ஏழு. அதற்குப் பிறகுதான் கற்றதில் பெரும்பகுதி. இங்கே பதினொன்றாம் வகுப்புக் கோடையில் மண்டபம் பிடித்து, எண்பது பேருக்கு நன்றி சொல்லி, மறுவாரம் சலங்கையைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். என் சண்டை அந்தப் பெட்டியோடுதான்.

சான் ஹோசே ஆசிரியை: எல்லோரும் பெட்டியில் வைப்பதில்லை.

உண்மை. வைக்காதவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள், அவர்களை அனுப்புவது உங்களைப் போன்றவர்கள். அவர்களுக்கு எங்கள் வகுப்பில் புதிதாகக் கிடைப்பது காம்போசிஷன். பதினோரு வருடம் டீச்சர் சொன்னதை ஆடிய பெண்ணிடம் "மூன்று நிமிடம், பாட்டு கிடையாது, நீயே அமை" என்றால் பாதிப் பேர் உறைந்துபோகிறார்கள். உங்கள் வகுப்பிலேயே மாதம் ஒரு முறை ஒரு ஜதிக்கு (தாளச் சொற்கட்டு) அவர்களையே அடவு (அடிப்படை ஆடல் அசைவு) கோக்கச் சொல்லிப் பாருங்களேன்.

டல்லாஸ் தந்தை: மேடம், வரலாறு போதும். கம்ப்யூட்டர் லேப்போடு மோதினால்...

மோதினால் லேப்பின் வேறு பிரிவுக்கு மாறுங்கள். டெக்னிக் ஒரு நிலைக்குப் பெரும்பாலும் ஒரே பிரிவுதான் இருக்கும், லேப்புக்குப் பல.

ஒஹையோ மாணவி: மாடர்ன் தொடங்கியதிலிருந்து முட்டி வலி. பரதம் காரணமா, மாடர்னா?

மருத்துவரைப் பாருங்கள், அதுதான் முதல் வேலை. பொதுவாக நான் பார்ப்பது இது: அரைமண்டியில் (பாதி உட்கார்ந்த பரத நிலை) தொடை இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், முட்டி கால்விரலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இடுப்பு திரும்பாத அளவுக்குப் பாதத்தை மட்டும் விரித்தால் அந்த முறுக்கை முட்டி வாங்கிக்கொள்ளும். வீட்டு கராஜ் கான்கிரீட்டில் வருடக்கணக்காகத் தட்டிய கணுக்காலும் முட்டியும் ஒருநாள் கணக்குக் கேட்கும். ஸ்டூடியோவில் அதிர்வைத் தாங்கும் மரத்தரை இருக்கும், பரதப் பயிற்சியையும் அங்கேயே செய்ய அனுமதி கேளுங்கள். உடலியக்கவியல் பாடத்தை இரண்டாம் வருடமே எடுங்கள்.

கோவை மாணவர்: இந்தியாவில் மைனர் உண்டா?

2022 இறுதியில் யுஜிசி வெளியிட்ட கட்டமைப்பில் 3 வருடப் பட்டத்துக்கு 24, 4 வருடத்துக்கு 32 கிரெடிட் மைனருக்கு. தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை, அதனால் உங்கள் கல்லூரியில் கேளுங்கள். நடனமே படிப்பாக வேண்டுமென்றால் திருச்சி கலைக்காவிரி, சென்னை கலாக்ஷேத்ரா.

யாழ்ப்பாணத்திலிருந்து: இங்கே?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பரதம் முழுப் பட்டமாகவே இருக்கிறது. உங்களுக்கு மைனர் எதற்கு?

அட்லாண்டா: மைனருக்கு எத்தனை கிரெடிட்?

மேலே, முதல் பதில்.

சிகாகோ: ஆடிஷன் உண்டா?

மேலே, இரண்டாவது.

பாஸ்டன்: எஃப்-1 விசா, கோயில் விழாவில் ஆடினால் பணம்...

மேலே. வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

சியாட்டில் மாணவர்: டெக்னிக் வகுப்பை பாஸ்/ஃபெயிலில் எடுத்தால் மைனரில் சேருமா?

புதுக் கேள்வி, நன்றி. பல துறைகளில் சேராது. எழுத்து கிரேடு வேண்டும், அதுவும் சி அல்லது அதற்கு மேல் என்பார்கள். உங்கள் மேஜருக்கு எண்ணிய பாடத்தையே மைனருக்கும் எத்தனை கிரெடிட் வரை எண்ணலாம் என்பதற்கும் வரம்பு இருக்கும். இரண்டையும் நீங்கள் சேர்ந்த வருடத்துக் கேட்லாகில் பாருங்கள், இந்த வருடத்தியதில் அல்ல. அப்புறம், டிக்ளேர் செய்துவிட்டீர்களா?