கணினி கேள்வி பதில்: அம்மாவின் லேப்டாப்பில் லினக்ஸுக்கும் இடம் உண்டா?

கேள்வி: அம்மா வீட்டிலிருந்தே மெஷின் எம்பிராய்டரி செய்து கொடுக்கிறார். அவருடைய லேப்டாப் 2016 மாடல். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி. அதில் விண்டோஸ் 10 இருக்கிறது, 11 ஏறாது என்கிறது. டிசைன் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அதற்கு ஒரு யுஎஸ்பி டாங்கிள் (செருகினால்தான் மென்பொருள் திறக்கும் உரிமச் சாவி) வேறு. மெயில், வீடியோ கால், பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாமே அதே லேப்டாப்பில்தான். பாதுகாப்புக்காகக் கூடவே இலவச இயங்குதளமான லினக்ஸையும் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். "எனக்கு எதுக்குடி ரெண்டு?" என்கிறார் அம்மா. நான் இருப்பது வேறு ஊரில். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் உங்கள் கேள்வியைவிட அம்மாவின் கேள்விதான் முக்கியம். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தால் வேலையைத் தொடங்குங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "நெட் வேலை எல்லாம் லினக்ஸில். டிசைன் மட்டும் விண்டோஸில், அங்கே நெட்டே கிடையாது."

காரணம் இதுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. இந்த ஓட்டைகள் வழியாக ஆபத்து வருவது பெரும்பாலும் பிரவுசரிலும் மெயிலில் வரும் இணைப்புகளிலும்தான். அந்த இரண்டையும் லினக்ஸ் பக்கம் நகர்த்திவிட்டால், விண்டோஸ் தையல் மெஷின் போல ஒரே வேலைக்கான கருவியாகிவிடும். விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். அந்தத் தடையைத் தாண்டிப் போடக் குறுக்குவழிகள் உண்டு. சொந்தக் கணினியில் விளையாடிப் பார்க்கலாம், அம்மா சம்பாதிக்கிற கணினியில் வேண்டாம்.

"லினக்ஸை மட்டும் போட்டு, டிசைன் மென்பொருளை வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக ஓட்டினால் என்ன?" என்று யாராவது யோசனை சொல்வார்கள். டாங்கிளுக்கான டிரைவர் வைனில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினில் டாங்கிளை இணைக்க முடியும்தான், ஆனால் 8 ஜிபியை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் திணறும். லினக்ஸிலேயே எம்பிராய்டரி செய்ய இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் இணைப்பாக இங்க்ஸ்டிச் என்று ஒன்று இருக்கிறது. இலவசம், எம்பிராய்டரி மெஷின்கள் படிக்கும் டிஎஸ்டி, பிஇஎஸ் கோப்புகளை எழுதும். அம்மாவுக்கு ஆர்வம் வந்தால் காட்டுங்கள், திணிக்காதீர்கள். ஒரு மென்பொருளில் கை பழகிய ஒருவரிடம் "இதுவும் அதேதான்" என்பதைவிட எரிச்சலூட்டும் வாக்கியம் கிடையாது.

சரி, தொடங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் வைஃபையை அணைத்துவிட்டு டிசைன் மென்பொருளைத் திறந்து, ஒரு டிசைனைச் சேமித்துப் பாருங்கள். உரிமம் சரிபார்க்க நெட் கேட்கிறது என்றால் என் திட்டம் செல்லாது. அடுத்து, டிஸ்க் விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாம் போடாமலேயே சில லேப்டாப்புகளில் அது இயங்கிக்கொண்டிருக்கும். அப்படியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், அதே லேப்டாப்பில் சேமித்துப் பயனில்லை. கணினி தொடங்கும் முறையை (பூட் அமைப்பை) மாற்றிய பிறகு விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு நின்றுவிடலாம். பிட்லாக்கரை முதலிலேயே நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குவது இன்னும் நிம்மதி. மூன்றாவது, டிசைன்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி. இதை ஏன் என்று கேட்கவே கூடாது.

இப்போது அதிகம் பேர் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 10-இல் 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, சிஸ்டத்தின் மையப் பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் போகும். அந்த நிலையில் லினக்ஸைத் திறந்தால், விண்டோஸ் டிரைவ் இன்னும் உபயோகத்தில் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். அதைத் திறக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். அம்மா விஷயத்தில் இது எங்கே இடிக்கும் தெரியுமா? வாடிக்கையாளர் அனுப்பும் படம் லினக்ஸில் மெயிலில் வரும். அம்மா அதை டி டிரைவில் சேமிக்கப் போவார், "சேமிக்க முடியாது" என்று வரும். இரவு பத்து மணிக்கு உங்களுக்குப் போன் வரும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது. பொதுவான கோப்புகள் இருக்க வேண்டிய இடமும் அந்த டி டிரைவ்தான். லினக்ஸால் விண்டோஸ் டிரைவைப் படிக்கவும் எழுதவும் முடியும், விண்டோஸுக்கு லினக்ஸ் டிரைவ் தானாகத் தெரியாது.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். லினக்ஸுக்கு 100 ஜிபி தாராளம். அவ்வளவு சுருங்க மாட்டேன் என்று அது அடம்பிடித்தால், நகர்த்த முடியாத கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஹைபர்னேஷன் என்ற ஆழ்தூக்க வசதியை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

எந்த லினக்ஸ்? மின்ட். திரையின் கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு வழி தெரியும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் எதையும் தொடாமல் முதலில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் பார்த்தால் போதாது, அம்மாவை உட்கார வையுங்கள். அவரே ஒரு வீடியோ கால் பேசட்டும், ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கட்டும், தமிழில் நாலு வரி அடிக்கட்டும். தமிழ்99 பழக்கம் என்றால் அது அங்கே இருக்கிறது, ஒலியியல் முறையும் இருக்கிறது. வைஃபையோ கேமராவோ இந்தக் கட்டத்திலேயே தகராறு செய்தால் நிறுத்திவிடுங்கள். நிறுவிய பிறகு எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புவது நம் போன்ற பொழுதுபோக்குக்காரர்களின் வியாதி.

நிறுவும்போது 'விண்டோஸோடு சேர்த்து' என்ற வாய்ப்பு வரும், அதையே எடுங்கள். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) சேமிப்பக அமைப்பு ரெய்டு என்ற முறையில் இருக்கலாம். விண்டோஸைத் தயார்செய்யாமல் அதை ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாற்றினால் விண்டோஸ் எழும்பாது, அந்த இடத்தில் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிரப் மெனு, அதாவது எந்த சிஸ்டம் வேண்டும் என்று கணினி திறக்கும்போது கேட்கும் பட்டியல். கறுப்புத் திரை, பத்து விநாடி, அதற்குள் அம்மா தேர்ந்தெடுக்க வேண்டும். இதுதான் பலரை இரண்டாவது சிஸ்டத்தை வெறுக்க வைக்கிறது. எதுவும் தொடாவிட்டால் லினக்ஸ் வரும்படி விடுங்கள், நேரத்தை முப்பது விநாடியாகக் கூட்டுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு நிறத்தில் வால்பேப்பர் வையுங்கள், போனில் "இப்ப எந்த நிறத்துல இருக்கீங்க?" என்று கேட்டாலே பாதி பிரச்சினை புரிந்துவிடும். கடைசியாக, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபையை முடக்குங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் பல இரட்டை சிஸ்டம் கணினிகளில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. நெட்டே இல்லாத விண்டோஸுக்கு அந்த மாதிரி அப்டேட் வந்து சேராது. பென் டிரைவ் வழியாக வைரஸ் வரும் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: அப்பாவின் லேப்டாப்பில் இரண்டும் இருக்கின்றன. லினக்ஸ் போய்விட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டதா?

பதில்: பேட்டரி பாவம், விட்டுவிடுங்கள். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. ஒன்று எழுதியதை மற்றது தன் கணக்கில் படிக்கிறது. லினக்ஸ் பக்கம் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளச் சொல்ல ஒற்றைக் கட்டளை போதும்: டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்று அடியுங்கள்.

கேள்வி: தம்பிக்காகப் போட்ட லினக்ஸை அவன் தொடுவதே இல்லை. அதற்கென டிஸ்க்கில் ஒதுக்கிய பகுதியை (பார்ட்டிஷனை) அழித்துவிடலாமா?

பதில்: அழிக்கலாம், ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். கணினி திறக்கும்போது முதலில் எழும்புவது கிரப். அதன் மெனுவும் மற்ற கோப்புகளும் இருப்பது நீங்கள் அழிக்கப்போகும் இடத்தில். அழித்த பிறகு ஆன் செய்தால் வெறும் கறுப்புத் திரையில் கிரப் என்ற சொல்தான் நிற்கும். முதலில் பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவாருங்கள். கிரப் தலைகாட்டாமல் நேராக விண்டோஸ் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்குங்கள். நீக்கும் முன் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவன் அதில் எதையாவது ஒளித்து வைத்திருக்கலாம்.