பாப்பாவுக்கு விமானம் செய்யணுமாம்: ஒரு லேத் பட்டறை அப்பாவுக்குப் பதில்

வணக்கமுங்க.

சனிக்கிழமை நீங்கள் மூவரும் வந்தபோது வெளியே இன்னும் இரண்டு குடும்பம் காத்திருந்ததால் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மீதியை எழுதுகிறேன். மற்ற பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று நீங்கள் சொன்னதால், பெயரை எடுத்துவிட்டுப் பொதுவிலேயே போடுகிறேன்.

உங்கள் கேள்வி நேரடியானது. "ரஃபேல் பிரான்ஸ்ல இருந்து வருது, சுகோய் ரஷ்யாக்காரன் டிசைன், நம்ம நாட்டுப் போர் விமானம்னு தேஜஸைச் சொல்றாங்க, அதுக்கும் எஞ்சின் அமெரிக்காவுல இருந்து வருது. இங்க படிச்சவங்களுக்கு என்னங்க வேலை இருக்கப்போகுது?" அம்மாவின் மனதில் வேறொன்று ஓடியது. 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் தேஜஸ் விழுந்த செய்தி. பாப்பா வெகுநேரம் பேசவே இல்லை. "ஓட்டணுமா, செய்யணுமா?" என்று நான் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். "செய்யணும் சார். எஞ்சினை மட்டும் ஏன் வெளிய வாங்கறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

இருபத்திரண்டு வருடமாக மேற்படிப்பு ஆலோசகராக இந்த நாற்காலியில் இருக்கிறேன். பிளஸ் டூ பிள்ளை இப்படி ஒரு கேள்வி கேட்பது அபூர்வம்.

முதலில், நீங்கள் மேசையில் வைத்த அந்த வழவழப்பான விளம்பரத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் ரஃபேல் படம். உள்ளே புரட்டினால் விமான நிலையத்தில் பயணச்சீட்டு சரிபார்ப்பது, பெட்டி ஏற்றுவது, பயணிகளை வரிசையில் நிறுத்துவது. அதுவும் கௌரவமான வேலைதான், ஆனால் பாப்பா கேட்டது அது இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. ஏ.எம்.இ. என்று சொல்லப்படும் விமானப் பராமரிப்பு உரிமமும் ஏரோநாட்டிக்கல் எஞ்சினியரிங் பட்டமும் ஒன்றல்ல. முன்னது பயணிகள் விமானத்தைப் பழுது பார்த்துக் கையெழுத்துப் போட மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. தருகிற உரிமம், பின்னது பொறியியல் பட்டம். பணம் கட்டிய பிறகு வித்தியாசம் தெரிந்து என்னிடம் வந்த பெற்றோர் வருடத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-இல் வந்த விமானம். அது போனதும் விமானப்படையின் போர் விமானப் படைப்பிரிவுகள் 29 ஆகிவிட்டன. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42. இந்தப் பள்ளத்தை முழுக்க வெளியில் வாங்கி நிரப்பினால் கட்டுப்படியாகாது. ரஃபேல் 36 வாங்கினார்கள், ஒப்பந்தம் 2016-இல், கடைசி விமானம் வந்தது 2022 டிசம்பரில். அவசரத்துக்கு அப்படி வாங்கலாம், அதையே வழக்கமாக வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் தேஜஸின் மேம்படுத்தப்பட்ட வகையான மார்க் 1ஏ 2021-இல் 83, 2025 செப்டம்பரில் இன்னொரு 97, ஆக மொத்தம் 180 ஆர்டர் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஆர்டர் மட்டும் 62,370 கோடி ரூபாய். அந்த 97-ஐ 2027-28-இல் தொடங்கி ஆறு வருடத்தில் கொடுக்க வேண்டும். பாப்பா 2026-இல் கல்லூரிக்குப் போனால் 2030-இல் வெளியே வருவாள். அப்போது அந்த வேலை பாதியில் நடந்துகொண்டிருக்கும்.

உள்ளூர் விமானம் என்றால் எல்லாமே உள்ளூர் என்று அர்த்தமில்லை. நீங்கள் ஒரு பம்ப்செட்டுக்குப் பார்ட்ஸ் பட்டியல் போடுவது மாதிரி தேஜஸுக்கும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் அமெரிக்காவின் ஜி.இ. எஃப்-404. விமானி அவசரத்தில் வெளியேறும் இருக்கை இங்கிலாந்தின் மார்ட்டின் பேக்கர். முதலில் வரும் மார்க் 1ஏ விமானங்களில் ரேடார் இஸ்ரேலின் எல்டா. அதற்கு மாற்றாக 'உத்தம்' என்ற ரேடாரைப் பெங்களூரில் மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.-வின் ஆய்வகம் உருவாக்கியிருக்கிறது. உடம்பின் மேற்பரப்பில் பெரும்பகுதி கார்பன் ஃபைபர் கலப்புப் பொருள், அந்தப் பாகங்கள் இங்கேயே செய்வது. பறக்கும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரும் அதன் மென்பொருளும் இங்கேயே செய்ததுதான். இந்தப் பட்டியலில் 'வெளியே' என்று எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியும் அடுத்த இருபது வருடத்துக்கான வேலை அறிவிப்பு என்றுதான் நான் படிப்பேன். நீங்கள் அதையே பார்த்துவிட்டு இங்கே வேலை இல்லை என்கிறீர்கள்.

எஞ்சின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பாப்பாவுக்காக. பெங்களூரில் ஜி.டி.ஆர்.இ. என்ற ஆய்வகம் 1989-இல் காவேரி எஞ்சின் திட்டத்தைத் தொடங்கியது. எதிர்பார்த்த உந்துவிசை கிடைக்கவில்லை, எடையும் கூடிவிட்டது. 2008-இல் தேஜஸிலிருந்து காவேரியைப் பிரித்துவிட்டார்கள். இப்போது அதையே ஆளில்லா விமானத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றும் வேலை நடக்கிறது. எங்கே இடித்தது? ஜெட் எஞ்சினுக்குள்ளே டர்பைன் பிளேடு மேல் அடிக்கிற வாயுவின் வெப்பம், அந்த பிளேடு எந்த உலோகத்தில் செய்ததோ அதன் உருகுநிலையை விட அதிகம். அப்படியிருந்தும் அது உருகக் கூடாது, நீளக் கூடாது, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்ற வேண்டும். அதற்கு பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்க வேண்டும், உள்ளே மயிரிழை போன்ற குளிர்காற்றுப் பாதைகள் வேண்டும். வார்ப்படம் தெரிந்த ஊர் நம்ம கோவை, இது என்ன மாதிரி வேலை என்று உங்களுக்குப் புரியும். ஹைதராபாத்தில் டி.எம்.ஆர்.எல். ஆய்வகம் ஹெலிகாப்டர் எஞ்சினுக்கு இப்படி ஒற்றைப் படிக பிளேடுகளைச் செய்து 2021-இல், விமானங்களைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.-க்கு 60 கொடுத்தது. ஹெலிகாப்டரில் இருந்து போர் விமானத்துக்கு ஏறுவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. இது ஏரோநாட்டிக்கல் படித்தவரை விட மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல் படித்தவரைத்தான் அதிகம் தேடுகிற வேலை. பாப்பாவின் கேள்விக்குப் பதில் அந்தத் துறையில்தான் இருக்கிறது.

வெளியே வாங்குவதில் இருக்கும் சிக்கலையும் பாருங்கள். மார்க் 1ஏ-க்காக 99 எஞ்சினுக்கு 2021-இல் ஆர்டர் போட்டார்கள். முதல் எஞ்சின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். விமானப்படைக்கு 2024-லேயே போக வேண்டிய விமானங்கள் அதனால் தள்ளிப்போயின. ஒரு பேரிங் வரவில்லை என்றால் மொத்த ஆர்டரும் முடங்குவது உங்களுக்குத் தெரியாததா?

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. தேஜஸ் இயல்பிலேயே காற்றில் நிலையாக நிற்காத மாதிரி வடிவமைக்கப்பட்டது. அப்போதுதான் சட்டென்று திரும்பும். நொடிக்குப் பலமுறை கம்ப்யூட்டர் திருத்திக்கொண்டே இருப்பதால்தான் அது நேராகப் பறக்கிறது. இந்த மென்பொருளுக்காக நம் பொறியாளர்கள் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்தது. அமெரிக்கா தடை போட்டது, நம்மவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் பெங்களூரில் உட்கார்ந்து மீதியை முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதல்முறை பறந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸும் கன்ட்ரோல் சிஸ்டமும் படித்தவர்கள் செய்த காரியம் இது.

ஆக, என் ஆலோசனை என்ன? இளநிலையில் 'ஏரோ' என்ற பெயருக்காக மட்டும் ஒரு கல்லூரியைப் பிடிக்காதீர்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.-யில் ஏரோநாட்டிக்கல் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் நல்ல ரேங்க் வந்து சென்னை ஐ.ஐ.டி.-யில் ஏரோஸ்பேஸோ, திருவனந்தபுரத்தில் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.-யோ கிடைத்தாலும் அப்படியே. (எம்.ஐ.டி.-யில் கலாம் படித்த கதையை எல்லா ஆலோசகரும் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன்.) அந்த அளவு கட் ஆஃப் வராவிட்டால், நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல், மெட்டலர்ஜி, இ.சி.இ. இவற்றில் ஒன்றை எடுக்கட்டும். விமானத்துக்குள் எம்.டெக்.-கில் நுழையலாம். டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானி வேலைக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண் முக்கியம், அதில் இந்த மூன்று துறைக்கும் இடம் உண்டு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடத்துக்கு முன் ஒரு பையனுக்கு, விமானம் என்றால் அவன் கண் விரிவதைப் பார்த்து, ஆய்வகமே சரியாக இல்லாத ஒரு கல்லூரியில் ஏரோ சேரச் சொன்னேன். விமான மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் என்று அவர்கள் காட்டியது நாலு வருடமும் பூட்டித்தான் கிடந்தது. இப்போது அவன் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறான். தீபாவளிக்குக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்வான், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் தொண்டையில் ஏதோ நிற்கும்.

உங்கள் பட்டறைக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. மார்க் 1ஏ-வின் இறக்கைகள் எங்கே செய்யப்படுகின்றன தெரியுமா? நம்ம கோவையில், எல் அண்ட் டி ஆலையில். காற்று உள்ளே போகும் பாகத்தை நம்ம ஊர் எல்.எம்.டபிள்யூ. நிறுவனம் செய்கிறது. முன்பு எச்.ஏ.எல். இந்தப் பெரிய பாகங்களைப் பெரும்பாலும் தன் கூரைக்குள்ளேயே செய்தது. இப்போது பெரிய பெரிய பாகங்களாக வெளியே கொடுக்கிறது. அவர்களுக்குக் கீழே இன்னும் சிறிய வேலைகளைச் செய்ய ஆட்கள் வேண்டும். பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019-இல் தொடங்கியதில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் இருக்கின்றன. கோவை சிறுதொழில் சங்கமான கொடிசியாவில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, ஒரு நாள் எட்டிப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. விமான பாகத்தில் 'பரவாயில்லை, பொருந்திடும்' என்ற பேச்சே கிடையாது. ஒரு போல்ட் எந்த உருக்கில், எந்தத் தேதியில், யார் கையால் கடைந்தது, யார் அளந்தது என்ற காகிதம் அந்த போல்ட்டோடு கடைசிவரை போகும். ஏ.எஸ். 9100 என்ற தரச் சான்றிதழ் இல்லாமல் கதவைத் தட்ட முடியாது. உங்கள் தம்பி மகன் டிப்ளமோ படிக்கிறான் என்றீர்களே, அவனுக்கு இந்தத் தரப் பரிசோதனை வேலையைச் சொல்லுங்கள். எச்.ஏ.எல். அப்ரண்டிஸ் அறிவிப்பையும் பார்க்கட்டும். விமானப்படையின் அக்னிவீர் வாயு பற்றி அவன் கேட்டதாகச் சொன்னீர்கள். நாலு வருடம், அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் தொடர்ச்சி. அது தெரிந்து போவதென்றால் போகட்டும்.

பாப்பாவுக்குச் சீருடையும் வேண்டும் என்று பின்னால் மனம் மாறினால் வழி மூடிவிடாது. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருப்பதால் தேசிய பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.-வுக்குத் தேர்வு எழுதலாம். 2022 முதல் அங்கே பெண்களும் சேர்கிறார்கள். பொறியியல் முடித்த பிறகு விமானப்படையின் ஆஃப்கேட் தேர்வு வழியாகத் தொழில்நுட்பப் பிரிவு அதிகாரியாகலாம், 26 வயது வரை. கண்ணாடி போட்டிருக்கிறாளே என்றீர்கள். விமானி ஆவதற்குத்தான் அந்தக் கண்டிப்பு மிக அதிகம், தரைப்பணியில் ஓரளவு தளர்வு உண்டு. பவர் எவ்வளவு என்று எழுதி வாருங்கள், அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை. துபாயில் இறந்த விமானியின் உடல் நம்ம சூலூர் விமானப்படைத் தளம் வழியாகத்தான் சொந்த ஊருக்குப் போனது. அந்தச் செய்தியைப் பார்த்த எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும், எனக்கும் கலங்கியது. 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை. பாப்பா தேர்ந்தெடுப்பது தரையில் இருக்கும் வேலை. அவள் சரியாகச் செய்தால் மேலே போனவர் வீடு திரும்புவார். அந்தப் பொறுப்பின் பாரம் அவளுக்கு இருக்கும், அதை மட்டும் இப்போதே சொல்லிவையுங்கள்.

அப்புறம் சம்பளம். தொடக்கத்தில் ஐ.டி.-யில் சேரும் தோழி இவளை விட அதிகம் வாங்கக்கூடும். தனியார் பாகத் தயாரிப்பாளர்களிடம், ஆர்டர் தள்ளிப்போனால் ஆள் எடுப்பதும் தள்ளிப்போகும். இது மெதுவான துறை. தேஜஸுக்கு அனுமதி 1983-இல், முதல் படைப்பிரிவு 2016-இல். சூலூரில் 18-ஆம் படைப்பிரிவு தேஜஸோடு வந்தது 2020 மே மாதம். 1983-இல் வேலைக்குச் சேர்ந்த பொறியாளர் ஓய்வு பெறும் வயதில்தான் அது படையில் சேர்வதைப் பார்த்திருப்பார். இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிற மனசு பாப்பாவுக்கு இருந்தால், இது அவளுக்கு ஒத்துவராது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். அரையாண்டு விடுமுறையில் ஒரு வாரம் அவளைப் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து நூறு பீஸ் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதட்டும். அறுபதாவது பீஸில் அலுத்துப்போய் அளக்காமலே எழுதுகிறாளா, அல்லது ஒரு பீஸ் ஏன் இரண்டு மைக்ரான் கூடியிருக்கிறது என்று உங்களை வந்து கேட்கிறாளா என்று பாருங்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், சும்மா பாருங்கள்.

அந்த நோட்டையும் அரையாண்டு மதிப்பெண்ணையும் எடுத்துக்கொண்டு ஜனவரியில் வாருங்கள். ரஃபேல் படம் போட்ட அந்தத் தாளை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.